சித்தியின் பொக்கற்றில் இல்லாத துவக்கு

குரோருட், ஒஸ்லோ
ஞாயிறு பிற்பகல்

என்றும் என் மதிப்புக்குரிய சித்திக்கு,

கம்சிகா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அம்மா, அப்பா, நான் மூவரும் சுகமாக இருக்கிறோம். அடுத்த வரியில் உங்கள் சுகத்தைக் கேட்க வேண்டும். அதைக் கெடுத்தவளே நான் என்பதால், எந்த முகத்தோடு கேட்பது என்று அரை மணி நேரம் யோசித்துவிட்டு அந்த இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். ஹவுகெட்டோவில் உங்கள் வீட்டுக்கு நாற்பது நிமிடத்தில் வந்துவிடலாமே, தொலைபேசியும் இருக்கிறதே, பிறகேன் கடிதம் என்று நினைப்பீர்கள். இந்தக் கிழமை ஆறு தரம் அழைத்தேன், நீங்கள் எடுக்கவில்லை. கடிதமென்றால் கிழிப்பதற்காகவாவது கையில் எடுக்கத்தானே வேண்டும்.

நடந்ததை ஒழுங்காக எழுதினால் என் பிழை எவ்வளவு, மற்றவர்களின் பிழை எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கலாம் என்றுதான் தொடங்கினேன். எழுத எழுத எல்லாம் என் பக்கமே வந்து சேர்கிறது. எங்கள் தமிழ்ப் பள்ளி விவாதப் போட்டியில் பல வருடங்களாகத் தொலைக்காட்சி நல்லதா கெட்டதா என்ற தலைப்புத்தான். இந்த முறை பெற்றோர் சிலர் அலுத்துப்போய், புதிதாக ஏதாவது தாருங்கள் என்று கேட்க, கமலாதேவி ரீச்சரின் மகன் இணையத்தில் எங்கோ இருந்து ஒரு பட்டியலை எடுத்துக் கொடுத்திருக்கிறார். அதில் எனக்கு வந்தது, "மருத்துவப் பணியாளர்கள் வேலை செய்யும்போது மறைவாகத் துப்பாக்கி வைத்திருக்க வேண்டுமா?" என்பது. ஐஸ்கிரீம் பெட்டிக்குள் கையை விட்டு எந்தப் பக்கம் என்று சீட்டு எடுத்தேன். "வேண்டும்" என்று வந்தது. எதிர்த்தரப்பு நிதர்சனுக்கு. பொலிஸ்காரர் துவக்கு வைத்திருக்கலாமா என்பதையே வருடக்கணக்காக விவாதித்த நாட்டில் தாதிமாருக்கு எப்படித் துவக்கு வாங்கிக் கொடுப்பேன் என்று அன்று வீட்டுக்கு வந்து அழுதேன். மறுநாள் நூலகத்தில் மூன்று புத்தகங்கள் எடுத்தேன். மூன்றாவதை முடிக்கும்போது நான் சொல்லப்போவதை நானே கொஞ்சம் நம்பத் தொடங்கிவிட்டேன். அங்கேதான் முதல் பிழை.

அந்த நம்பிக்கையோடுதான் உங்கள் வீட்டுக்கு வந்தேன். நீங்கள் கட்லட் உருட்டிக்கொண்டிருந்தீர்கள். உங்கள் வேலை உடுப்பில் எத்தனை பொக்கற் என்று கேட்டேன். மூன்று என்றீர்கள். ஒன்றில் பேனை, ஒன்றில் கத்தரிக்கோல், ஒன்றில் கையுறை. அப்படியானால் துவக்குக்கு இடமில்லையே என்று கொப்பியில் குறித்தேன். கைக்குட்டைக்கே இடமில்லை என்று சிரித்தீர்கள். சிரிக்கும்போது உங்கள் இடது கண்ணுக்குக் கீழே பூசியிருந்த முகப்பவுடர் வெடித்து, உள்ளே மஞ்சளும் ஊதாவுமாக ஏதோ தெரிந்தது. அலுமாரிக் கதவு அடித்த இடம் என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லியிருந்தீர்கள். அலுமாரிக் கதவு கண்ணுக்குக் கீழே அடிப்பதானால் ஆள் எவ்வளவு குனிய வேண்டும் என்று நான் கேட்காமல் இருந்திருக்கலாம். நீங்களும் உண்மையைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஒரு நோயாளி இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியைத் தூக்கி வீசினார் என்று சொல்லிவிட்டு, "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை" என்றீர்கள். நான் ஓம் என்றேன். மனமாரத்தான் சொன்னேன், சித்தி. அந்த நேரத்தில் ஒருத்தர் என்றால் ஒரு ஆள் என்றுதான் என் மனதில் இருந்தது. மண்டபம் நிறைந்த நூற்றிருபது பேர் நினைவுக்கு வரவில்லை.

கமலாதேவி ரீச்சர் பேச்சை வாசித்துவிட்டு, பொதுவாகச் சொல்லாதை, ஆர், எங்கை, எப்ப என்று சொல்லு என்றார். அதற்காக அவரைக் குறை சொல்ல மாட்டேன். நான் சொல்லப்போவது அவருக்கும் தெரிந்த உங்களைத்தான் என்பது அவருக்குத் தெரியாது. மேடையில் நான் சபை வணக்கம் சொல்லி, "என் சித்தி திருமதி இந்திரகுமார் அவர்களின் கன்னத்தைப் பாருங்கள்" என்று கையை நீட்டியபோது எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நீங்கள் மூன்றாவது வரிசையில் தேநீர்க் கோப்பையோடு இருந்தீர்கள். பக்கத்தில் சித்தப்பா, கடதாசித் தட்டில் இரண்டு றோல்ஸ். அவருடைய முகம் மாறியதைப் பெருமை என்று நினைத்து, இன்னும் சத்தமாக, அன்று சித்தியின் இடுப்பில் ஒரு துப்பாக்கி இருந்திருந்தால் என்று கேட்டேன். கைதட்டினார்கள். துவக்கைத் தொட்ட பிறகு ஒவ்வொரு முறையும் கை கழுவ வேண்டும், அதற்குள் சுட வேண்டிய ஆள் வீட்டுக்குப் போய்விடுவார் என்று நிதர்சன் பதில் சொன்னபோது அதைவிடக் கூடுதலாகக் கைதட்டினார்கள். ஆனாலும் புள்ளி எனக்குத்தான் கூட. என்னிடம் சான்று இருந்ததாம். அந்தச் சுற்றில் வென்றதற்கு ஒரு கிண்ணமும் தந்தார்கள்.

சித்தப்பா றோல்ஸைக் கதிரையில் வைத்துவிட்டு வெளியே போய்க் காருக்குள் இருந்ததை அம்மா பிறகுதான் சொன்னார். அலுமாரிக் கதவு அடித்தது என்று நீங்கள் சொன்னதை நம்பி அவர் அந்தக் கதவைக் கழற்றித் திரும்பப் பொருத்தியதையும், குசினியில் இருக்கிற எல்லாக் கதவு மூலைகளிலும் பஞ்சு வெட்டி ஒட்டியதையும் அம்மா சொன்னபோது, புத்தகத்தைத் திறந்து முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டேன். பதினான்கு மூலைகளாம். அந்தப் பஞ்சு இன்னும் இருக்கிறதா சித்தி?

அதன் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். தெரியாத பகுதிகளை மட்டும் சொல்கிறேன். பேர்கனில் இருக்கும் சொந்தக்காரர்களுக்குச் செய்தி போனபோது நீங்கள் துவக்கு வைத்திருந்தீர்கள். ரொறொன்ரோவில் பெரியம்மாவுக்குப் போனபோது ஒருவரைக் காலில் சுட்டிருந்தீர்கள். பெரியம்மா அம்மாவை அழைத்து, "அவள் சின்னனிலேயே கோவக்காரிதானே" என்று மட்டும் சொல்லி, கறிக்கு என்ன மீன் என்று கேட்டாராம். உங்கள் வேலையிடத்தில் துப்புரவு செய்யும் மேரியம்மா, நீங்கள் கைப்பையை வைக்கிற அலுமாரியை இப்போது தூரத்தில் நின்றுதான் துடைக்கிறாராம். இதையெல்லாம் கேட்டு நான் சிரித்தேன் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். பிறகு சித்தப்பா பஸ் ஓட்டும் வேலையில் நேரத்தை மாற்றிக்கொண்டு, நீங்கள் வேலை செய்யும் அவசர சிகிச்சை நிலையத்தில் வந்து காவல் இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். சும்மா இருந்தால் எழுப்பிவிடுவார்கள் என்று வரிசை இலக்கம் எடுத்து வைத்திருந்தாராம். இலக்கம் வந்ததும் ஹன்னா என்ற தாதி, என்ன வருத்தம், எங்கே நோகிறது என்று கேட்க, "என் மனைவி" என்றாராம். அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதனால்தான் போன புதன்கிழமை வந்தேன். நீங்கள் வேலைக்குப் புறப்பட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தீர்கள். ஹவுகெட்டோ நிலையம் வரைக்கும் இருவரும் நடந்தோம். என்னோடு கோபமா என்று கேட்டேன்.

"கோவமில்லை. களைப்பு."

கொஞ்சத் தூரம் போன பிறகு நீங்களே கதைத்தீர்கள்.

"அந்த மனிசன்ரை மனிசி செத்து மூண்டு நாள், கம்சி. தான் எங்கை நிக்கிறன் எண்டே அவருக்குத் தெரியேல்லை. எறிஞ்சுபோட்டு, பிறகு என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு அழுதவர். இடுப்பிலை துவக்கு இருந்திருந்தா அந்தக் கையை நான் பிடிச்சிருப்பனோ?"

மூன்று புத்தகங்களிலும் அதற்குப் பதில் இருக்கவில்லை.

"ஊரிலை, சண்டைக் காலத்திலை, நான் வேலை பழகின ஆஸ்பத்திரியிலை கட்டிலுக்குக் கட்டில் துவக்கோடை நிண்டவங்கள். காயத்துக்கு மருந்து கட்டேக்கையும் முதுகுக்குப் பின்னாலை நிப்பாங்கள். துவக்கில்லாத ஆஸ்பத்திரி எண்டு ஒண்டு இருக்கெண்டதை நான் இஞ்சை வந்துதான் கண்டனான். அதை விட்டிட்டு வா எண்டு உன்ரை சித்தப்பா கேக்கிறார். அந்தாளிலையும் பிழையில்லை. பயந்துபோனார்."

அதற்குள் ரயில் வந்துவிட்டது. மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன் என்று நான் சொல்லத் தொடங்கியபோது கதவு மூடிவிட்டது. கண்ணாடிக்கு அப்பால் நீங்கள் கை காட்டினீர்கள். போ என்றா, பரவாயில்லை என்றா என்று நாலு நாளாக யோசிக்கிறேன்.

பாடசாலைத் தாதி வேலைக்குச் சித்தப்பா விண்ணப்பம் நிரப்பி வைத்திருக்கிறார், வெள்ளிக்கிழமைக்குள் நீங்கள் கையெழுத்து வைத்தால் போதும் என்று அம்மா சொன்னார். சித்தி, தயவுசெய்து வைக்காதீர்கள். பாடசாலைத் தாதி நல்ல வேலைதான், எங்கள் பாடசாலையில் இருப்பவரும் நல்லவர். ஆனால் அவரிடம் போகிறவர்கள் எவரும் அழ வேண்டிய அளவு பயந்து போவதில்லை. பதினேழு வருடம் நீங்கள் பிடித்த கைகளை என்னுடைய எட்டு நிமிடப் பேச்சு விட வைத்துவிட்டது என்று இருந்தால், என்னால் அந்தக் கிண்ணத்தைப் பார்க்கவே முடியாது. இப்போதே சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்திருக்கிறேன். சித்தப்பாவிடம் நான் நேரில் வந்து சொல்லவும் தயார். உங்களிடம் அனுமதி பெறாமல் சொன்னேன் என்று அதே மண்டபத்தில் எழுந்து நின்று சொல்லவும் தயார். இனிமேல் உங்கள் வாயிலிருந்து வரும் ஒரு சொல்லைக்கூட உங்களைக் கேட்காமல் எவருக்கும் சொல்ல மாட்டேன். மேடைப் பக்கமே போக மாட்டேன்.

சித்தப்பாவுக்கு என் வணக்கம். அவருக்கு என்னைப் பிடிக்கவில்லை என்றால் வணக்கத்தை நீங்களே வைத்திருங்கள். உங்கள் கன்னம் முழுதாக ஆறி, காலை மாலை எந்த நேர வேலையானாலும் நீங்கள் பத்திரமாகப் போய்வர வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

உங்கள் அன்பையும் நம்பிக்கையையும் இழந்து தவிக்கும்,
பெறாமகள்
கம்சிகா

பி.கு.: வருகிற சனிக்கிழமை இறுதிச் சுற்று. வர மாட்டேன் என்றுதான் சொன்னேன். ஆனால் இறுதிச் சுற்றில் பக்கம் மாறிப் பேச வேண்டுமாம், எனக்கு இப்போது "வேண்டாம்" என்ற பக்கம். சித்தப்பாவும் வருகிறார், முன்வரிசையில் இடம் வைக்கச் சொல்லியிருக்கிறார். துவக்கில்லாத ஆஸ்பத்திரி பற்றி நீங்கள் சொன்னதை என் பேச்சில் சேர்க்கலாமா? இந்த முறை முறைப்படி முதலிலேயே அனுமதி கேட்கிறேன். பேச்சை ஒப்படைக்கக் கடைசி நாள் நேற்று என்பதால் கொடுத்துவிட்டேன். நீங்கள் பயப்பட வேண்டாம், பெயர் எங்கும் இல்லை. "சென்ற முறை நான் கை நீட்டிக் காட்டிய அதே தாதி" என்று மட்டும்தான் எழுதியிருக்கிறேன்.