இரட்டை ஆறு மலர்வளையமும் என் மூன்று நோய்களும்

வேக்ஃபீல்டு,
நவம்பர் 28, வெள்ளி முற்பகல்.

பெருமதிப்பிற்குரிய அக்கா மூரியல் அவர்களுக்கு,

தம்பி கிளிஃபர்ட் தலைவணங்கி எழுதும் மடல். இங்கு நான் நலம். என் நெஞ்சும் ஈரலும் சிறுநீரகமும் தனித்தனியே நலம். அவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டிய நிலை ஏன் வந்தது என்பது போகப் போக உனக்கு விளங்கும். ஃபைலி ஊரின் கடற்காற்றில் உன் முழங்கால் வலி தணிந்திருக்கும் என்றும், உன் பூனை அண்டை வீட்டாரோடு உடன்பாடு கண்டிருக்கும் என்றும் நம்புகிறேன்.

உன் அஞ்சலட்டை வந்தது. "நீ சாகக் கிடக்கிறியா, குடிச்சிட்டுக் கிடக்கிறியா? ஈனிட் போன் பண்ணி ரெண்டையும் சொல்றா. எதுவா இருந்தாலும் உடனே எழுது." அக்கா, பேருந்துப் பணிமனைத் தொழிற்சங்கக் கிளைச் செயலாளனாக நின்று, மேலாளர்களின் தேநீர்க் கோப்பைகளைத் தட்டிலேயே நடுங்கச் செய்தவன் நான். இரண்டு வரிக் கேள்விக்கு இரண்டு வரியில் விடையளிக்கும் பழக்கம் எனக்கு என்றுமே இருந்ததில்லை. எனினும் முதலில் சுருக்கமாகச் சொல்கிறேன்: சாகவில்லை. குடிக்கிறேன், வாரம் ஒரு குவளை, என் காசில். கடன்? கடன் மேலாண்மைத் திட்டத்தில் கையொப்பமிட்ட நாள்தொட்டு இந்நொடிவரை எந்த மனிதரிடமும் எந்த வங்கியிடமும் ஒரு பென்னிகூட நான் கைநீட்டிப் பெற்றதில்லை! இதை எந்த மேடையிலும் முழங்குவேன். ஏனெனில், "இனி ஒரு பென்னி கடன் வாங்கினேன்னு காதுல விழுந்துச்சு, கிறிஸ்மஸுக்கு என் வாசப்படி ஏறாத, வான்கோழி உள்ள இருக்கும், நீ வெளிய இருப்ப" என்று பிப்ரவரியில் உன் சமையலறையில் நீ சொன்ன சொல்லை நான் மறக்கவில்லை. அந்த ஒருநாள் விருந்தைத் தவிர எனக்கு வேறு கிறித்துமசு கிடையாது என்பது உனக்கும் தெரியும்.

இனி நடந்ததைக் கேள். தொடக்கப் பிழை என்னுடையதுதான். ஆனால் அதில் உனக்கும் பங்குண்டு. கடன் அறிவுரை அறநிலையத்திலிருந்து பிரான்வென் என்ற வேல்சு நாட்டுப் பெண்மணி, அன்று நான் உன் சமையலறையில் இருந்தபோது, தொலைபேசியில் என் செலவுகளை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தார் அல்லவா? உணவு, மின்சாரம், முடிதிருத்தம் எல்லாம் முடிந்தபின், "வெளிய போக வர, ஃபிரெண்ட்ஸோட ஒரு குவளை, அதுக்கு வாரம் எவ்வளவு போடட்டும் கண்ணு?" என்றார். நான் எழுந்து நின்றேன். "சுழியம்!" என்றேன். "நான்கு கடன் அட்டைகளுக்குத் தலைகொடுத்தவனுக்குக் களியாட்டம் எதற்கு? மாதந்தோறும் நான் அனுப்பும் தொகையை நால்வருக்கும் பங்கிட்டுக் கொடுங்கள்; என் மகிழ்ச்சியையும் சேர்த்தே பங்கிடுங்கள்!" என்றேன். அவர் பெருமூச்சு விட்டார். "கண்ணு, அந்த எடத்துல சைபர் போட்டவங்க யாரும் ஆறு மாசம் தாண்டினதில்ல. மனுசன் வாழற வீட்டுக் கணக்கு மாதிரியே இல்ல இது." நான் தாண்டுவேன் என்று சூளுரைத்தேன். நீ கைதட்டினாய், அக்கா. மறுக்காதே. கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினாய்.

சூளுரைத்தவனுக்கு வியாழக்கிழமை வந்தது. வியாழன் மாலை, 'நீலப் பன்றி' மதுக்கூடத்தின் மூலை மேசை, புள்ளிக் காய்களை அடுக்கும் டாமினோ ஆட்டம், நாங்கள் நால்வர்: கூரை வேயும் வில்ஃப், தச்சர் டிரெவர், என் பேருந்தில் நடத்துநராக இருந்த கார்டன், நான். மற்ற ஆறு நாளும் பள்ளிப் பேருந்துப் பிள்ளைகளுக்கு நான் வெறும் 'டிரைவர்'. என்னைப் பெயர் சொல்லி அழைக்கும் குரல்கள் உலகில் அந்த ஒரு மேசையைச் சுற்றித்தான் இருக்கின்றன. ஆனால் மேசைக்கு ஒரு சட்டம் உண்டு. உனக்கு அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒருவன் வாங்கினால் நால்வருக்கும் வாங்க வேண்டும். அடுத்த சுற்று அடுத்தவனுடையது. பிறர் வாங்கிய குவளையில் ஒரு வாய் வைத்துவிட்டால் நான்கு குவளைக்கு நீ கடனாளி. மனைவியை விட்டு ஓடியவனை இந்த ஊர் மன்னித்திருக்கிறது. தன் சுற்றை ஏய்த்தவனை மன்னித்ததாக வரலாறே இல்லை. போகாமல் இருந்தால் நட்பு போகும். போய்க் குடித்தால் திட்டம் போகும். போய்க் குடிக்காமல் இருப்பதற்கு ஒரே வழிதான் தெரிந்தது: மருத்துவர் தடை விதித்துவிட்டார் என்றேன்.

"எதுல கோளாறு?" என்றான் வில்ஃப். சிறுநீரகம் என்றேன். குழாய்த் தண்ணீர் வந்தது, குடித்தேன். அடுத்த வாரம் டிரெவர் கேட்டபோது, முன்பு சொன்னது நினைவில் இல்லாமல் ஈரல் என்றுவிட்டேன். "போன வாரம் கிட்னின்னியேடா?" "அது... பரவிடுச்சு," என்றேன். மேசையில் ஒரு காய் அசையவில்லை. மூன்றாம் வாரம் கார்டன் என் தோளில் கைவைத்து, "நெஞ்சு எப்படி இருக்கு?" என்றான். கேள்வி இரக்கத்தோடு வந்ததால் அதற்கும் தலையாட்டிவிட்டேன். அதன்பின் நடந்ததுதான் என் உள்ளத்தை உருக்கியது. வில்ஃபுக்குக் கீல்வாதம் வந்து பீரை விட்டான். டிரெவர் பல்வலிக்கு மாத்திரை தொடங்கினான். மாத்திரைமேல் மது ஆகாதாம். கார்டன் வண்டிச் சாவியை மேசைமேல் வைத்து, ஓட்டிக்கொண்டு போக வேண்டும் என்று தானும் தண்ணீர் கேட்டான். கோடை முடிவதற்குள் நால்வர் முன்னாலும் நான்கு குவளைத் தண்ணீர். மதுக்கூடத் தலைவி டாட்டி அம்மையார், "உங்க மேசைக்கு நான் பீர் லைசென்ஸ் வாங்கினதுக்கு மீன் தொட்டி வெச்சிருக்கலாம்," என்றார். எனக்கோ பெருமிதம் பொங்கியது! தோழனின் நோய்க்காகத் தம் இன்பத்தைத் துறக்கும் தோழர்கள்! இதுவன்றோ தொழிலாளர் ஒற்றுமை என்று படுக்கையில் கண்கலங்கினேன்.

இதற்கிடையே நான் மெலிந்தும் போனேன். பணிமனைக்கு நடந்தே போகிறேன், பேக்கரியில் வாங்கித் தின்னும் இறைச்சிப் பணியாரத்தை விட்டுவிட்டேன், வீட்டில் கணப்பை மூட்டாமல் மேலங்கியோடு உறங்குகிறேன், எவன்தான் மெலியமாட்டான்? போதாக்குறைக்கு அக்டோபரில் பிரான்வென் என் செலவுகளை மீண்டும் பார்த்து, தொலைக்காட்சி விளம்பரத்தை நம்பி நான் சேர்ந்திருந்த சவ அடக்க முன்பணத் திட்டத்தைக் கண்டுபிடித்தார். "இத இப்போதைக்கு நிறுத்திட்டு உசுரோட இருக்கறதப் பாரு கண்ணு," என்றார். எதையும் நேரில் சென்று முடிப்பவன் நான். கடைத்தெருவில் உள்ள அடக்க நிலையத்துக்கே போய்த் திட்டத்தை நீக்கிவிட்டு, மாதம் பதினெட்டுப் பவுண்டு மீந்த மகிழ்ச்சியில் உரிமையாளரின் கையைக் குலுக்கிச் சிரித்தபடி வெளியே வந்தேன். எதிரே நின்ற பேருந்தின் மேல்தளத்தில் வில்ஃப். அன்று மாலையே அவன் டாட்டியிடம் சொன்னதைப் பின்னர் அறிந்தேன்: "சிரிச்சிக்கிட்டே வந்தான் டாட்டி. எல்லாத்தையும் ஏற்பாடு பண்ணிட்டான். மனசத் தேத்திக்கிட்டான் போல."

அக்கா, சென்ற வாரம் வியாழன் 'நீலப் பன்றி'க்குள் நுழைந்தேன். இசைப்பெட்டி நிறுத்தப்பட்டது. சிற்றம்பு எறியும் பலகை முன் நின்றவன் கையை இறக்கினான். பணமேசை மேல் ஒரு மிட்டாய்க் குடுவை. அதன்மேல், வேலைநிறுத்தத்தில் ஒலிபெருக்கியோடு நான் நிற்கும் பழைய நிழற்படம். கீழே 'நம்ம கிளிஃபுக்காக' என்ற எழுத்து. குடுவைக்குள் நாணயங்களும் ஒரு பொத்தானும். அங்கிருந்த உன் தோழி ஈனிட் அம்மையார் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தபடி வெளியேறினார். அவர் உன்னை முதன்முறை தொலைபேசியில் அழைத்தது அப்போதுதான். பணம் இல்லாதவனுக்காக என் தோழர்கள் பணம் திரட்டியிருக்கிறார்கள். அதுவும் சாகப்போகிறான் என்று நம்பி! இதைத் தொட்டால் நான் மோசடிக்காரன். உண்மையைச் சொன்னால் பொய்யன், அதைவிடக் கொடியதாகச் சுற்றை ஏய்த்தவன். நாற்காலிமேல் ஏறினேன்.

"தோழர்களே!" என்றேன். "வாழ்வின் பாதையில் ஒரு மனிதன் தலைநிமிர்ந்து நடக்க இயலாத காலம் ஒன்று வருமெனில், அக்காலத்தில் அவன் யாரிடம் சொல்வான்? காற்றிடமா? கல்லிடமா? கடலிடமா?" வில்ஃப் தேம்பத் தொடங்கினான். "இன்று உங்கள்முன் நிற்கும் இந்தக் கிளிஃபர்ட், நீங்கள் எண்ணும் கிளிஃபர்ட் அல்லன்! அவன் உள்ளத்தை அரிப்பது உடற்பிணி அன்று. அதனினும் பெரிது, அதனினும் நெடிது..." என்று நான் மூச்செடுத்த இடைவெளியில் டாட்டி துணியைத் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்:

"கையில காசில்லன்னு சொல்ல இவ்ளோ சுத்து எதுக்குய்யா? எறங்கு, நாற்காலி காலு ஆடுது."

இறங்கினேன். கடன் மேலாண்மைத் திட்டம் என்றேன், பிரான்வென் என்றேன், சுழியம் என்றேன். பிறகு டிரெவர் தொண்டையைச் செருமினான். "பிரான்வெனா? வேல்ஸ் பேச்சு பேசுமே, அந்தம்மாவா? எனக்கும் அதேதான்டா. மூணு வருசமா."

"அப்ப உன் பல்லு?" என்றான் வில்ஃப்.

"பல்லு நல்லாத்தான் இருக்கு."

எல்லோரும் வில்ஃபைப் பார்த்தனர். அவன் கீல்வாதக் காலைக் கீழே ஊன்றி எழுந்தான். வலியின் சாயலே இல்லை. மழைக்காலத்தில் கூரை வேலை கிடைக்காமல் கடன் அட்டையில் வாழ்ந்து வந்தானாம். "நீ நிறுத்தினதும் எனக்கு நிம்மதிடா கிளிஃப். நாலு பேருக்கு வாங்கறது மூணு பேருக்குன்னு ஆச்சே." கார்டன் மட்டும் சாவியை இறுகப் பிடித்துக்கொண்டு, "எனக்கு அப்படி ஒண்ணும் இல்லப்பா, நான் வண்டி ஓட்டணும்," என்றான். "உன் வண்டியப் போன வருசமே என் தங்கச்சி மகன்தான் வாங்கினான் கார்டன். அது உன் தோட்டத்துக் கொட்டகைச் சாவி," என்றார் டாட்டி. அக்கா, எந்த மருத்துவமனையும் செய்யாத அருஞ்செயல்! ஒரே மாலையில், ஒரே மேசையில், ஈரலும் நெஞ்சும் பல்லும் கீல்வாதமும் பறந்தோடின. நாங்கள் சிரித்த சிரிப்பில் டாமினோக் காய்கள் தரையில் சிதறின. "எனக்கு எல்லாம் தெரியும்யா," என்றார் டாட்டி. "ஆனா அடக்கக் கடைக்கு எதுக்குப் போனேன்னுதான் புரியல. அங்கதான் நானும் ஏமாந்தேன்."

அன்றே புதுச் சட்டம் இயற்றினோம்: அவரவர் குவளை அவரவர் காசில்; இயலாதவனுக்குத் தண்ணீர், காரணம் கேட்பவனுக்கு அபராதம். மறுநாள் பிரான்வெனை அழைத்துச் சுழியத்தைத் திரும்பப் பெற்றேன். "ஒம்பது மாசமா! நீதான்யா கெட்டி," என்று சிரித்து, வாரம் ஆறு பவுண்டு ஒதுக்கினார். என் நான்கு கடன்காரர்களில் மூவர் வட்டியை நிறுத்திவிட்டதாகவும், நான்காமவரும் இசைவார் போலிருக்கிறது என்றும் சொன்னார். வியாழனுக்குக் காத்திராமல் அன்று மாலையே நாங்கள் மீண்டும் கூடியபோது ஈனிட் சாளரம் வழியே கண்டது அந்த ஆறு பவுண்டில் வாங்கிய ஒற்றைக் குவளைதான். அதைப் போல ஒரு பீரை என் வாழ்நாளில் நான் பருகியதில்லை. ஆட்டத்தில் தோற்றேன், அது வேறு செய்தி.

எஞ்சியது குடுவை. திரண்டது முப்பத்தொரு பவுண்டும் பொத்தானும். பெரும்பகுதியைப் போட்டவர்கள் யார் தெரியுமா? காசில்லாத அந்த மூவரேதான்! (பொத்தானைப் போட்டவன் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை, கார்டனின் மேலங்கியில் ஒன்று குறைகிறது.) திருப்பிக் கொடுங்கள் என்றேன். டாட்டி முகம் சிவந்தார். "முப்பது பவுண்ட முன்னாடியே பூக்கடையில குடுத்துட்டேனே. மலர்வளையத்துக்கு. டாமினோ காய் மாதிரி, ரெண்டு பக்கமும் ஆறாறு புள்ளி, இரட்டை ஆறு." நேற்று நால்வரும் பூக்கடைக்குப் போனோம். கடைக்காரம்மா என்னை மேலும் கீழும் பார்த்து, "இவருக்கா? நடந்து வந்திருக்காரே!" என்றார். பணம் திரும்பாதாம். "வேணும்னா வெள்ளைப் பூவுக்குப் பதிலா ஹாலி இலையும் செவப்புப் பழமும் வெச்சு கிறிஸ்மஸ் வளையமா கட்டித் தரேன்," என்றார். மூவரும் ஒருமனதாக வாக்களித்தனர். ஆகவே அக்கா, பரிசுக்கென ஒரு பென்னி ஒதுக்கப்படாத இவ்வாண்டில், உன் வாசற்கதவில் தொங்கவிட இரட்டை ஆறு வடிவில், பன்னிரண்டு செங்கனிக் கொத்துகளோடு ஒரு வளையம் வருகிறது. எனக்கென வாங்கப்பட்டது, நான் இருப்பதால் உனக்கு.

உன் முழங்கால் உறுதி பெறுக. உன் அடுப்பு அணையாதிருக்க. உன் பூனைக்கும் என் வணக்கம். கிறித்துமசு நண்பகலில் நிமிர்ந்த தலையோடும், கடன் வாங்காத கையோடும் உன் வாசலில் நிற்பேன்.

என்றும் உன் அன்புத் தம்பி,
கிளிஃபர்ட்

பின்குறிப்பு: மடலை மடித்தபின்தான் வீட்டில் அஞ்சல்தலை இல்லை என்பது தெரிந்தது. விலையோ ஏறிவிட்டது, இவ்வார ஆறு பவுண்டு தீர்ந்துவிட்டது. டாட்டி ஒன்று தந்தார்; "வியாழக்கிழமை திருப்பிக் குடுத்துடணும்," என்றார். உறை டிரெவருடையது. ஆதலால் முதற்பக்கத்தில், கடனே வாங்கவில்லை என்று நான் முழங்கிய அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிட்டுப் படி. பிரான்வெனுக்குத் தெரிய வேண்டாம். உன் சொல் மாறாதது என்பதை அறிவேன். கதவைத் திறந்து வளையத்தை மட்டும் உள்ளே எடுத்துக்கொள்வதானாலும் சரி, வான்கோழியில் ஒரு துண்டை வெளியே நீட்டிவிடு. மறுமொழி எழுதும்போது உள்ளே ஓர் அஞ்சல்தலை வை.