மருமகள் மேசையில் சிவப்புக் கொடி

பிரிஞ்சாங், கேமரன் மலை
ஞாயிறு காலை

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி ரெங்கசாமி அவர்களுக்கு,

தேயிலைத் தோட்டத்துப் பூச்சிமருந்து ஸ்டோரில் கணக்கெழுதிய முன்னாள் கிராணி சுப்பிரமணியம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே குளிரும் மழையும் நாங்களும் வழக்கம்போல் இருக்கிறோம். ஈப்போவில் வெயிலும் தாங்களும் சம்பந்தியம்மாவும் அவ்விதமே இருக்க முருகன் அருள் புரியட்டும். இந்தக் காலத்தில் கடிதமா என்று நினைக்க வேண்டாம். என் போனை வீட்டுக்காரி சாரதா வாங்கி வைத்துக்கொண்டாள். காரணம் போகப் போகத் தங்களுக்கே விளங்கும்.

வெள்ளிக்கிழமை தங்கள் மகள் ஷர்மினி ஒரே ஒரு பையுடன் அங்கே வந்து இறங்கியிருப்பாள். கேட்டிருந்தால், பள்ளிக்கூட லீவு என்று சொல்லியிருப்பாள். கௌரவமான பிள்ளை, மாமனாரை விட்டுக்கொடுக்க மாட்டாள். ஆனால் லீவு பாதிக் காரணம்தான் சம்பந்தி. மீதிப் பாதி நான். சாரதா அப்படித்தான் சொல்கிறாள். மகன் சச்சின் ஒன்றும் சொல்லவில்லை, இரண்டு நாளாக என்னோடு பேசுவதையே விட்டுவிட்டான். அதனால் என் பக்க நியாயத்தையும் தாங்கள் கேட்டுவிட்டு, அவளைத் திருப்பி அனுப்பி வைக்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கடிதம்.

நடந்தது இதுதான். பிள்ளைகளுக்குக் கல்யாணமாகி மூன்று வருடம் ஆகப்போகிறது. ஒரு குழந்தை வேண்டும் என்று இருவருக்கும் ஆசை, நமக்கும்தான் இல்லாமலா. போன மாதம் ஷர்மினி கிளினிக்குக்குப் போய் வந்து, அடுப்படியில் சாரதாவிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். நான் ஒட்டுக்கேட்கவில்லை, தண்ணீர் குடிக்கப் போனேன். குழந்தைக்கு முயற்சி செய்யும்போது முகத்துக்குப் போடுகிற சாமான்களில் சிலது ஆகாது என்று நர்ஸ் சொன்னாளாம். ரெட்டினால் என்று எழுதியிருக்கும் ராத்திரி கிரீம், முகத்தை வெளுக்க வைக்கிற கிரீம், இந்த இரண்டையும் நிறுத்தச் சொல்லியிருக்கிறாள். அந்தப் பிள்ளையும் அன்றைக்கே நிறுத்திவிட்டது. விஷயம் அதோடு முடிந்தது. முடிந்திருக்க வேண்டியது.

ஆனால் நான் வாழ்நாளெல்லாம் மருந்து ஸ்டோரைக் கட்டிக் காத்தவன். தங்களுக்குத் தெரியும், மருந்தடித்த மலையில் சிவப்புக் கொடி நட்டுவிட்டால், கொடியை எடுக்கும்வரை கொழுந்து பறிக்க யாரும் இறங்கக் கூடாது. துரையே வந்தாலும் இறங்க விடமாட்டேன். இப்படிப்பட்டவன் வீட்டிலேயே, அடுத்த அறையில், ஒரு மேசை நிறையக் குப்பி குப்பியாக மருந்து இருக்கிறது என்று தெரிந்த பிறகு எனக்குச் சோறு இறங்குமா? ஷர்மினி பாடம் நடத்தப் பள்ளிக்கூடம் போன நேரம் பார்த்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போய்ப் படித்தேன். நியாசினமைட் என்று ஒன்று. களைக்கொல்லிக்கு வைக்கிற பேர் மாதிரியே இல்லையா? இன்னொன்றில் ஆசிட் என்று அவர்களே கூசாமல் அச்சடித்திருக்கிறார்கள். முகத்தில் பூச ஆசிட்! வாய்க்குள் நுழையாத பேர் உள்ள எல்லாவற்றுக்கும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிப் பெட்டியில் போட்டுப் பூட்டினேன். அந்த வேகத்தில் சச்சினுடைய பற்பசையும் சாரதாவின் மூட்டுவலித் தைலமும் உள்ளே போய்விட்டன. காலியான மேசையில் பழைய சிவப்புத் துணியை ஒரு குச்சியில் கட்டி நட்டு வைத்தேன்.

சாயங்காலம் ஷர்மினி வந்து பார்த்தாள். கோபப்படவில்லை.

"மாமா, நர்ஸ் சொன்னது ரெண்டே ரெண்டு ஐட்டந்தான். அத நானே எடுத்துட்டேன் லா. மத்ததெல்லாம் போடலாமாம்."

"நர்ஸுக்கு என்னம்மா தெரியும்? நான் எத்தன மருந்தப் பாத்திருக்கேன்!"

அவள் பையை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அந்த வாரம் பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் போட்டி. வெயிலுக்குப் பூசுகிற கிரீமும் என் பெட்டியில் இருந்தது. மலை வெயில் குளுகுளுவென்று இருந்துகொண்டே ஆளைச் சுடும் என்பது நமக்குத் தெரியாததா? பிள்ளை மூக்குத் தோல் உரிந்து வந்து நின்றது. எனக்கு மனசு கேட்கவில்லை. எடுத்ததற்குப் பதில் நல்லதாக ஒன்று வாங்கிக் கொடுத்துவிடுவோம் என்று பிரிஞ்சாங் டவுனுக்குப் போனேன். அங்கேதான் சனி பிடித்தது.

டவுனில் கிரீம், பவுடர், அத்தர் எல்லாம் விற்பது மைதீனின் மனைவி லத்தீஃபா. மைதீன் பக்கத்திலேயே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். சனிக்கிழமை, லத்தீஃபா கடையில் நல்ல கூட்டம். என் தொண்டை தங்களுக்குத் தெரியும், பாக்டரி மிஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியது.

"என்னா ஐயா, வழி தவறி வந்துட்டீங்களா? அம்மாவுக்குப் பவுடரா?"

"அம்மாவுக்கு இல்லம்மா, மருமகளுக்கு. புள்ள உண்டாகறதுக்கு ஏத்த மாதிரி ஒரு கிரீம் குடு."

கடையே திரும்பிப் பார்த்தது. லத்தீஃபா குரலைத் தாழ்த்தி, "அப்படி ஒரு கிரீம் இருந்தா, நான் ஏன் ஐயா இந்தப் பொட்டிக் கடையில ஒக்காந்திருக்கேன்? வாசன இல்லாத லோஷன் ஒண்ணு தாரேன். மத்தத டீச்சர்கிட்டயே கேட்டுக்குங்க லா," என்றாள். நல்ல பெண். வாயைத் திறக்கிற ஆள் இல்லை. ஆனால் எனக்குப் பின்னால் கோயில் மாதர் குழு அம்மாக்கண்ணு பொட்டு வாங்கிக்கொண்டு நின்றாள் என்பதை நான் கவனிக்கவில்லை.

அங்கிருந்து மைதீன் கடைக்குத் தே தாரிக் குடிக்கப் போனேன். சேதி எனக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்திருந்தது. "தாத்தாவாகப் போறீங்களாமே, டீக்குக் காசு வேணாம்," என்று மைதீன் கையைப் பிடித்துக் குலுக்கினார். சம்பந்தி, தங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, எனக்கு அது இனித்தது. இல்லை என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். ஒரு மடக்கு குடித்துவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தேன். அந்த ஒரு மடக்கில் எல்லாம் கெட்டது. குடித்து முடிப்பதற்குள் நாலு மேசைக்காரர்கள் வந்து வாழ்த்திவிட்டார்கள்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் ஷர்மினிக்கு நாற்காலி போட்டு உட்கார வைத்தார்களாம். தலைமையாசிரியை, "இனிமே மாடிப்படி ஏற வேணாம் டீச்சர்," என்றாராம். வகுப்புப் பிள்ளைகள் படம் வரைந்து வாழ்த்து அட்டை கொடுத்திருக்கின்றன. ஒவ்வொருவரிடமும் போய், இல்லை, அப்படி ஒன்றும் இல்லை என்று அந்தப் பிள்ளை சொல்ல வேண்டியதாயிற்று. வீட்டுக்கு வந்து, கழுவி வைத்த தட்டுகளையே எடுத்து மறுபடியும் கழுவிக்கொண்டு நின்றாள். "இல்ல இல்லன்னு சொல்லி வாயே வலிக்குது அத்தை," என்று அவள் சாரதாவிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது.

தப்பு செய்தவன்தானே சரி செய்ய வேண்டும்? அன்று இரவே பாசார் மாலாம் சந்தைக்குப் போனேன். சோளக் கடையில் தொடங்கி ஒரு கடை விடாமல் நின்று, "தப்பான சேதிங்க, இன்னும் ஒண்ணும் இல்ல," என்று சொல்லிக்கொண்டே போனேன். போனில் வாட்ஸ்அப் குழுக்களிலும் போட்டேன், கோயில் குழு, ஓய்வுபெற்றோர் குழு இரண்டிலும். வாழ்த்தியவர்கள் எல்லாம் இப்போது ஆறுதல் சொல்லத் தொடங்கினார்கள். ஆறுதலோடு விட்டார்களா? ஒருவர் லேகியம் கொடுத்தார், ஒருவர் வல்லாரைச் சாறு, காய்கறி மொத்த வியாபாரம் செய்யும் சீனத் தவுக்கே முதலாளி ஜின்செங் வேர் கொடுத்தார், அம்மாக்கண்ணு ஷர்மினி பேரிலேயே தொட்டில் கட்டுவதாக வேண்டிக்கொண்டாள். இரண்டு கையிலும் பையைத் தூக்கிக்கொண்டு நான் வாசலில் வந்து நின்றபோது கதவைத் திறந்தது ஷர்மினி. சாரதா என் போனை வாங்கிக்கொண்டது அன்றைக்குத்தான்.

அத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் பிள்ளையைச் சமாதானப்படுத்த வேண்டுமே. கடை மருந்து வேண்டாம், இயற்கையாக ஒன்று செய்து கொடுப்போம் என்று கியா பார்ம் தோட்டத்து ஸ்ட்ராபெரியை மசித்து, எலுமிச்சை பிழிந்து, பச்சைத் தேயிலைத் தூளைப் போட்டுக் குழைத்தேன். புது மருந்தை முதலில் ஒரே ஒரு வரிசைச் செடியில் அடித்துப் பார்ப்பது தோட்டத்து வழக்கம். அந்த வரிசை நானே என்று முடிவு செய்து, முகத்தில் அப்பிக்கொண்டு வெயிலில் உட்கார்ந்தேன். மறுநாள் கண் திறக்க முடியவில்லை. முகம் பணியாரம் மாதிரி உப்பிவிட்டது. ஷர்மினிதான் காரில் கிளினிக்குக்குக் கூட்டிப் போனாள். நர்ஸ் அஸ்லினா நல்ல மலாய்ப் பெண், என்னைப் பாக்சிக், அதாவது மாமா, என்றுதான் கூப்பிடுவாள். எலுமிச்சை பூசி வெயிலில் உட்கார்ந்தால் தோல் வெந்துபோகாதா பாக்சிக், இயற்கை என்றால் எல்லாம் நல்லது என்று யார் சொன்னது என்று கேட்டுவிட்டு, என் பூட்டுப் பெட்டியில் என்னென்ன இருக்கிறது என்று ஷர்மினியிடம் விசாரித்தாள். அத்தனையும் தாராளமாகப் போடலாமாம். அந்த நியாசினமைட் ஒரு வைட்டமினாம்! உங்கள் மருமகள் முதல் நாளே எல்லாவற்றையும் சரியாகக் கேட்டுக்கொண்டுதான் போனார் பாக்சிக் என்றாள். முகத்தில் எரிச்சல் போதாதென்று இது வேறு.

திரும்பி வரும்போது ஷர்மினி சாலையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"மாமா, எனக்கும் புள்ள வேணும். உங்க எல்லாரையும் விட எனக்குத்தான் அதிகமா வேணும். ஆனா ஒவ்வொரு மாசமும் நான் தோத்துப்போறத ஊரே வாசல்ல நின்னு பாக்கற மாதிரி இருக்கு மாமா. மூச்சு முட்டுது."

எனக்கு அழுகை வந்தது, அழுதால் முகம் எரிந்தது. மறுநாள் அவள் தங்கள் வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டாள்.

ஆகவே சம்பந்தி, தங்களை மிகவும் கேட்டுக்கொள்கிறேன். அவளை அனுப்பி வையுங்கள். கொடியைப் பிடுங்கிவிட்டேன். குப்பிகளைத் துடைத்துப் பழையபடி அடுக்கிவிட்டேன், ஸ்டிக்கர் பசை மட்டும் கொஞ்சம் போகவில்லை. இனி அந்த அறைப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டேன். வெளியே ஒரு வார்த்தை பேச மாட்டேன். அவள் இந்த வீட்டில் என் கண் முன்னால் சந்தோஷமாக இருந்தால் போதும், நான் பார்த்துக்கொள்கிறேன். கிளினிக்குக்கு நானே கூட்டிப் போகிறேன். சாப்பாட்டு நேரம், தூக்க நேரம் எல்லாவற்றுக்கும் ஓர் அட்டவணை போட்டு வைத்திருக்கிறேன், ஒரு குறையும் வராது. தாங்கள் வேறு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, பஸ் ஏற்றிவிட்டால் போதும்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம். தங்கள் வீட்டு விளக்கு என்றும் குறைவில்லாமல் எரியட்டும். நம் பிள்ளைகள் இருவரும் எல்லாச் செல்வமும் பெற்று நீடூழி வாழ ஆண்டவனை வேண்டும்,

தங்கள் அன்புள்ள சம்பந்தி,
சுப்பிரமணியம்

பி.கு.: மேலே எழுதிய எல்லாவற்றையும் தயவுசெய்து தள்ளிவிடவும். உறையை ஒட்டும் முன் சாரதா கடிதத்தை வாசிக்கச் சொன்னாள். முழுவதும் கேட்டுவிட்டு, "அட்டவண வேறயா? பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் நீங்க இருமிக்கிட்டே கெடந்தா, அந்தப் பக்கம் புள்ள எங்கேருந்துங்க வரும்?" என்றாள். கேட்டுக்கொண்டிருந்த சச்சின் இரண்டு நாள் கழித்து இன்றுதான் என்னைப் பார்த்துச் சிரித்தான். ஆகவே ஷர்மினியைப் பஸ் ஏற்ற வேண்டாம். வருகிற சனிக்கிழமை சச்சினே காரில் வந்து அழைத்துக்கொள்வான். அதே காரில் சாரதாவும் நானும் வருகிறோம். பிள்ளைகள் மட்டும் வீட்டுக்குத் திரும்புவார்கள், நாங்கள் தங்களோடு இருந்துகொள்கிறோம். ஒரு பாய் போதும், இருமலுக்கு மருந்து கொண்டுவருகிறேன். எத்தனை நாள் தங்குவோம் என்று மட்டும் கேட்காதீர்கள் சம்பந்தி, அது நம் கையில் இல்லை.