துறையூரில் எனக்கு இல்லாத நஞ்சை

ஹட்டன்,
1957, ஆடி மாதம், அடைமழை.

மரியாதைக்குரிய மச்சான் சிவசாமி அவர்களுக்கும், இங்கே என்னை இடுப்பில் தூக்கி வளர்த்து, பிறகு உங்களைக் கட்டிக் கப்பலேறிய அக்கா அம்மாக்கண்ணுவுக்கும், கடலுக்கு இந்தப் பக்கத்திலிருந்து நல்லமுத்து கும்பிட்டு எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பக்கத்தில் நின்ற என் சம்சாரம் வீரம்மா, "கடுதாசியிலயாச்சும் பொய் சொல்லாம இருங்க" என்றாள். ஆகையால் மழை சுகமாகப் பெய்கிறது, கார் அரைகுறை சுகம், மனிதர்கள் யாரும் சுகமில்லை என்று தெரிந்துகொள்ளவும். உங்கள் வீட்டில் மாடு கன்று, பிள்ளை குட்டி எல்லாம் நன்றாக இருக்கக் குலசாமி துணை.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு உங்களிடமிருந்து அவசரமாக ஒரு கடிதம் வேண்டும். துறையூர்ப் பக்கத்தில் இந்த நல்லமுத்துக்கு நிலம் இல்லை, வீடு இல்லை, கோயிலில் பங்கு இல்லை, ஒரு முருங்கை மரம்கூட இல்லை என்று எழுதி, உங்கள் ஊர் முன்சீப்பிடம் கையெழுத்து வாங்கி அனுப்புங்கள். இது ஊரறிந்த உண்மைதானே என்று சிரிப்பீர்கள். உண்மைதான். நான் வேறு மாதிரிச் சொல்லித் தொலைத்துவிட்டேன், அதுவும் யாரிடம் சொல்லக் கூடாதோ அவரிடமே.

நான் ஹட்டன் ஸ்டேஷன் வாசலில் ஆஸ்டின் காரை வைத்து ஆள் சேர்த்து ஓட்டுவது உங்களுக்குத் தெரியும். பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் நாலு பேர் சேர்ந்தால் வண்டி கிளம்பும், மழை நாளில் அவர்கள் மடியிலும் நாலு பேர் ஏறுவார்கள். இந்தத் தொழிலுக்கு ஸ்டியரிங்கைவிட வாய்தான் முக்கியம். ஏறுகிறவருக்கு எது பிடிக்குமோ அதைப் பேச வேண்டும். முன் சீட்டுச் சிங்கள முதலாளி, உங்கள் ஆட்கள் இந்த நாட்டில் கூடிப்போய்விட்டார்கள் என்று சிங்களத்தில் சொன்னால் "ஒவ், ஒவ்" என்று தலையாட்டுவேன். பின் சீட்டுத் தோட்டத்து ஆள், "இந்த ரோட்டை வெட்டுனதே எங்க தாத்தன்தாங்க" என்றால் அதற்கும் தலையாட்டுவேன். இரண்டு பேரும் ஒரே சவாரியில் வந்துவிட்டால் அன்றைக்குக் கழுத்துக்குத் தைலம் தேய்க்க வேண்டியதுதான்.

போன மாதம் அக்கரப்பத்தனைக்கு ஒருவர் ஏறினார். ஆஸ்பத்திரியில் செத்துப்போன சம்சாரத்தின் சேலையைச் சுருட்டி மடியில் வைத்திருந்தார். பிரேதத்தைத் தோட்டத்து லொறியில் முன்னால் அனுப்பிவிட்டார்களாம், அதில் தேயிலைக் கொழுந்துச் சாக்கு இருந்ததால் அவருக்கு இடமில்லையாம். "அண்ணே, ஏதாச்சும் பேசிக்கிட்டே வாங்க, நிப்பாட்டிராதீங்க" என்றார். நான் என்னத்தைப் பேசுவேன் மச்சான்? கோழிக்கு வரும் சீக்கு, கோவா என்கிற முட்டைக்கோஸில் விழும் புழு, என் காரின் பிரேக் பிடிக்காத கதை என்று லிந்துலை தாண்டியும் பேசினேன். இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். என் வாய் செய்த ஒரே புண்ணியம் அதுதான், அப்புறம் செய்தது எல்லாம் நாசம்.

இரண்டு காரியங்கள் ஒரே வாரத்தில் வந்து விழுந்தன. என்னை இந்த நாட்டுப் பிரஜையாக ஏற்றுக்கொள்ளச் சொல்லிப் போட்ட மனுவுக்கு இத்தனை வருஷம் கழித்து விசாரணை வந்தது. நான் இங்கே தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவன், தோணியில்கூடக் கால் வைக்காதவன். ஆனாலும் இந்தியாவில் எனக்குச் சொத்து, பிடிப்பு ஏதாவது இருக்கிறதென்று தெரிந்தால் மனுவைத் தள்ளிவிடுவார்கள். அதே வாரம் நம் மகள் நாகலெட்சுமிக்கு நோட்டன் பிரிட்ஜிலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் கந்தப்பன், தேயிலை ஃபெக்டரியில் வேலை. அவன் வீட்டார் இந்தியப் பாஸ்போர்ட் எடுத்துவிட்டார்கள், பொங்கல் கழிந்ததும் புறப்படுகிறார்கள். அங்கே அவர்களுக்கு ஆளும் இல்லை பேரும் இல்லை, அதனால் ஊரில் நிலபுலம் உள்ள சம்பந்தமாகத் தேடினார்கள். நாகலெட்சுமியோ, பையனைப் பார்த்த நாளிலிருந்து என் காரின் பக்கக் கண்ணாடியைத் தினமும் துடைத்தாள், துடைத்த கையோடு தன் முகத்தையும் அதில் பார்த்துக்கொண்டாள்.

நம் சனங்களின் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? பெண் கேட்கும் முன் மாப்பிள்ளை வீட்டில் ஒருவர் யாரென்று காட்டிக்கொள்ளாமல் வந்து நோட்டம் பார்த்துவிட்டுப் போவார். பையனின் தாய்மாமன் ஆண்டியப்பன் அப்படி வருவார் என்று தரகர் சொன்னார். கொழும்பில் கடையில் இருந்தவராம், இப்போது கணக்கப்பிள்ளையாம். துணிக்கடை ஹமீத் நானாவோ வேறொன்று சொன்னார்: "நல்லமுத்து, விசாரணைக்கு வாற ஐயா முன்கூட்டியே வந்து ஆக்களோட கதை குடுத்துப் பார்ப்பாராம். வாயக் கட்டிக்கோ." இந்த இருவரில் ஒருவரையும் நான் முன்பின் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, நோட்டன் பிரிட்ஜ் போக ஒருவர் முன் சீட்டில் ஏறினார். வெள்ளை வேட்டி, சால்வை, நெற்றி நிறைய விபூதி, கையில் கோயில் பிரசாதம், பேச்சு கொழும்புப் பேச்சு. நோட்டன் பிரிட்ஜ் என்றதுமே, இவர்தான் பையனின் மாமன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. "சொந்த ஊர் எது?" என்றார். "துறையூர்ப் பக்கங்க. ஆத்துப் பாசனம், முப்போகம் நஞ்சைங்க" என்றேன். "யார் பார்க்கிறார்கள்?" "அக்கா வீட்டுக்காரருங்க, தங்கமான மனுசன்." அது மட்டும் நிஜம் மச்சான். அப்புறம் வாயாலேயே ஓடு போட்ட வீடு கட்டினேன், வருஷா வருஷம் குலசாமிக்குத் தலைக்கட்டு வரி அனுப்பினேன், கோயிலில் நமக்குத்தான் முதல் மரியாதை என்றேன். "அப்போ இங்கே எதற்கு இருக்கிறீர்?" என்று சிரித்தார். "மகளுக்கு ஒரு நல்லது நடந்துட்டா நாளைக்கே கெளம்பிருவோம்ங்க!" என்று நானும் சிரித்தேன். இறங்கும்போது பிரசாதத்தில் பாதியை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

மத்தியானம் இன்னொருவர் பின் சீட்டில் ஏறினார். கோட்டு, டை, தொப்பி, கையில் நீளக் குடை, முகத்தில் சிரிப்பு மருந்துக்கும் இல்லை. கொட்டகலை வரை போய்த் திரும்ப வேண்டும், வேறு யாரையும் ஏற்றாதே என்றார். ஆகா, வந்துவிட்டாரடா விசாரணை ஐயா என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். "இந்தியாவுல ஒங்களுக்கு யாரு இருக்கா?" "ஒரு ஈ காக்கா இல்லீங்க." "அக்கா ஒருத்தி இருக்கிறதா கேள்விப்பட்டேனே?" "அப்பிடி யாரும் இல்லீங்க ஐயா." அக்கா, என்னை மன்னித்துவிடு, கொட்டகலை வளைவு திரும்புவதற்குள் உன்னை இல்லாமல் ஆக்கிவிட்டேன். "நெலம் நீச்சு?" "துறையூரு எந்தத் தெசைன்னே தெரியாதுங்க. எனக்கு வேண்டியது ஆறடி, அதை இந்த மண்ணுலயே பாத்துக்கிறேன்." அவர் பெருமூச்சு விட்டார். என் பேச்சில் உருகிவிட்டார் என்று நினைத்து, இறங்கும்போது கதவைத் திறந்து ஒரு சலாமும் போட்டேன்.

மறுநாள் விசாரணை. உள்ளே போனால் நாற்காலியில் இருப்பது விபூதிக்காரர்! "நஞ்சை முப்போகம் என்றீரே?" என்றார். "ஐயா, அது மாப்பிள்ளை வீட்டுக்குச் சொன்னதுங்க." "நான் மாப்பிள்ளை வீடு இல்லையே." "அது இப்பத்தாங்க தெரியுது." குமாஸ்தா சிரித்தார், அவர் சிரிக்கவில்லை. கெட்டவர் இல்லை மச்சான், எழுதுமுன் கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்தபடியே இருந்தார். அப்புறம் மனுதாரருக்கு இந்தியாவில் வீடும் நிலமும் உண்டு, போகும் எண்ணமும் உண்டு என்று எழுதி மனுவைத் தள்ளிவிட்டார்.

வீட்டுக்கு வந்தால் தரகர் உட்கார்ந்திருக்கிறார். "கோட்டுப் போட்டுக்கிட்டு வந்தாரே, அவருதாங்க மாமன். ஊரும் இல்லாத ஒறவும் இல்லாத எடத்துல எப்பிடிப் பொண்ணு எடுக்கிறதுன்னு சொல்லிட்டாரு." நாகலெட்சுமி உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை காரை எடுக்கப் போனேன், பக்கக் கண்ணாடியில் சேறு அப்படியே இருந்தது. நான்தான் துடைத்தேன். துடைக்கத் துடைக்க எனக்கு என் வாயைத் தைத்துக்கொள்ளலாம் போல இருந்தது.

இந்தியா ஆபீஸில் பாஸ்போர்ட்டும் கேட்டுப் பார்த்தேன். அங்கே பிறந்ததற்கு அத்தாட்சி கொண்டுவா என்கிறார்கள். பிறந்தால்தானே கொண்டுவர! இந்த நாட்டு ஆபீஸில் எனக்கு இந்தியாவில் எல்லாம் இருக்கிறது என்கிறார்கள், இந்தியா ஆபீஸில் அங்கே எனக்கு ஒன்றுமே இல்லை என்கிறார்கள். ஸ்டேண்டில் இப்போதே, பிரஜை இல்லாதவனை வாடகைக் கார் ஓட்ட விடமாட்டானாம் என்று பேச்சு. மேல்முறையீட்டுக்குக் கொஞ்சம் தவணை இருக்கிறது. கல்யாணந்தான் போயிற்று, நிற்கிற மண்ணாவது மிஞ்சட்டும். ஆகையால் எனக்கு ஒன்றுமே இல்லை என்று அழுத்தந்திருத்தமாக எழுதி, தாமதிக்காமல் அனுப்புங்கள். அக்கா இருக்கிறாள் என்பதை மட்டும் அடிக்க வேண்டாம்.

அக்காவுக்கு என் கும்பிடு, பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். குலசாமி உங்கள் குடும்பத்தைக் காக்கட்டும். வரி கட்டாதவன் என்று கோபிக்காமல், நேரமிருந்தால் இந்தப் பக்கமும் ஒரு பார்வை பார்க்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்
நல்லமுத்து

பி.கு.: கவரை ஒட்டப்போகும்போது கோட்டு, தொப்பியோடு ஆண்டியப்பன் வந்து நிற்கிறார். மச்சான், மேலே எழுதியது அத்தனையையும் அடித்துவிடுங்கள். விசாரணையில் நடந்தது அவர் காதுக்குப் போய்விட்டதாம். "கவர்ன்மெண்டே சொல்லிருச்சு ஒங்களுக்கு நஞ்சை இருக்குன்னு! எங்கிட்ட மூச்சு விட்டீங்களா? சொத்தை வெளிய காட்டாத இந்த அடக்கம் எங்க அக்காவுக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சு" என்கிறார். தையில் கல்யாணம், முடிந்ததும் அவளைப் பையனின் பாஸ்போர்ட்டில் சேர்த்துக்கொண்டு கப்பல். நாகலெட்சுமி துணியை எடுத்துக்கொண்டு காரைத் துடைக்கப் போய்விட்டாள். இனி நான் எப்படி மேல்முறையீடு செய்வேன்? நிலம் இல்லை என்று விசாரணையில் நிரூபித்தால் இங்கே கல்யாணம் நின்றுபோகும். ஆகையால் நிலம் இருக்கிறது என்றே எழுதுங்கள். அவர்கள் வந்து கேட்டால் உங்கள் வயலில் ஒரு மூலையைக் கைகாட்டி நல்லமுத்துடையது என்று சொல்லுங்கள், விளைச்சலை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். இன்னும் ஒன்று. நாளைக்குத் தலைப்பிரசவம் என்றால் நாகலெட்சுமி அம்மா வீட்டுக்கு வர வேண்டும். எங்களுக்குப் பாஸ்போர்ட் கொடுக்க எந்த நாடும் இல்லை, போனபின் அவளும் இங்கே திரும்பி வர முடியாது. அக்காதான் அவளைக் கூட்டிவந்து வைத்துக்கொள்ள வேண்டும். நஞ்சை இல்லாவிட்டால் போகட்டும் மச்சான், பிள்ளைக்கு ஒரு பாய் விரிக்கிற இடம் மட்டும் நிஜமாகவே இருக்கட்டும்.