மூன்று ரிமோட்டுக்கு மூன்று பொறுப்பாளர்

அரசாங்கக் கந்தோர் ஒன்றுக்கு ஒரு பொருள் வந்து இறங்கினால், அது வேலை செய்யுமா என்று பார்ப்பது இரண்டாவது வேலை. அது யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்று எழுதுவதுதான் முதல் வேலை. இதில் பிழை சொல்ல ஒன்றுமில்லை. அல்லாஹ்வின் கிருபையால் எல்லாம் இத்தனை காலமும் இப்படித்தான் ஓடுகிறது.

எங்கள் பக்கத்துக் கரையோரப் பாதைகள் ஒருங்கிணைப்புக் கந்தோருக்குப் போன வருசம் ஒரு ஹோம் தியேட்டர் வந்தது. வேறு ஒரு கந்தோருக்கு அது வந்துவிட்டதாம். ஆகவே இங்கேயும் வந்தே தீரவேண்டும். சுவரை அடைத்த டீவி, அதற்குக் கீழே நீளமான சத்தப்பெட்டி, பக்கத்தில் கமரா வைத்த ஒரு சின்னப் பெட்டி. அந்தச் சின்னப் பெட்டி வழியாகத்தான் கொழும்புப் பெரியவர்கள் டீவியில் முகம் காட்டுவார்கள். முன்பெல்லாம் பாதைத் தகராறு என்றால் விசாரணை அதிகாரி கடற்கரைக்கே வருவார். மீன்வாடி நிழலில் கதிரை போட்டு, தேத்தண்ணி குடித்துக்கொண்டு கேட்பார். அது நாகரிகம் இல்லாத முறை என்று கண்டுபிடித்து, இனி விசாரணை எல்லாம் திரையில்தான் என்று சுற்றுநிருபம் அனுப்பிவிட்டார்கள்.

மூன்று சாமானுக்கு மூன்று ரிமோட். மூன்றும் ஒருவர் கையில் இருந்தால் அதிகாரம் ஒரே இடத்தில் குவிந்துவிடும் அல்லவா? அதனால் டீவி ரிமோட் தலைமைக் கிளார்க் ஜபாரிடமும், சின்னப் பெட்டி ரிமோட் களஞ்சியப் பொறுப்பாளர் முபாரிஸிடமும் கையொப்பம் வாங்கிக்கொண்டு கொடுக்கப்பட்டன. சத்தப்பெட்டியின் ரிமோட் கலாசாரப் பகுதி ஸும்ரா மிஸ்ஸுக்குப் போனது. சத்தம் கலாசாரத்தைச் சேர்ந்தது என்று முடிவாகியிருந்தது.

இனி முனவ்வராவின் கதைக்கு வருகிறேன். ஆலங்குடாவில் எங்கள் பக்கத்து வீடு, எனக்குத் தங்கச்சி மாதிரி. அவளைக் கட்டிய மாப்பிள்ளை பாறூக் சின்னப் படகு ஒன்று வைத்துத் தொழில் செய்கிறார். பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்குகிற வெளிநாட்டுக்காரருக்காகக் கட்டிய ஒரு ஹோட்டல், நாங்கள் கடலுக்குப் போகிற பாதைக்குக் குறுக்கே வேலி போட்டுவிட்டது. அன்றிலிருந்து பாறூக் படகு எஞ்சினைத் தோளில் சுமந்துகொண்டு ஒன்றரை மைல் சுற்றிப் போனார். கடைசியில் இடுப்புப் பிடித்துப் படுத்துவிட்டார்.

மனு கொடுத்தோம். விசாரணை புதன்கிழமை காலை பத்து மணிக்கு என்று கடிதம் வந்தது. பன்னிரண்டு மணிக்குள் ஊரார் யாரும் பேசாவிட்டால் "ஆட்சேபனை இல்லை" என்று எழுதி மனுக் கோவையை மூடிவிடுவார்களாம். வேலி நிலைத்துவிடும்.

பாறூக் எழும்ப முடியாததால் முனவ்வரா போனாள். துணைக்கு நான் போனேன். ஊரிலிருந்து இன்னும் பத்துப் பேர் பெருநாள் உடுப்பு உடுத்திக்கொண்டு வந்தார்கள். திரையில் தெரியப் போகிறதே!

சரியாகப் பத்து மணிக்கு முபாரிஸ் பிஸ்மில்லாஹ் சொல்லித் தன் ரிமோட்டின் பொத்தானை அமத்தினார். சின்னப் பெட்டி எழும்பியது. அதோடு டீவியும் தானாக எழும்பிவிட்டது. ஜபாரின் முகம் கறுத்தது.

"டீவியைப் போட்டது யாரு?"

"நான் போடல்ல நாநா. என்ட பெட்டியைத்தான் போட்டன். இது தானா எழும்பிட்டு."

"என்ட கையொப்பத்தில இருக்கிற டீவி, என்னைக் கேக்காம எப்பிடி எழும்பும்?"

கேள்வி நியாயமானது. ஜபார் டீவியை நிப்பாட்டி, முறைப்படி தன் கையாலேயே மறுபடி போட்டார். டீவி நின்றபோது சின்னப் பெட்டியும் சேர்ந்து படுத்துவிட்டது. முபாரிஸ் அதை எழுப்பினார். ஒருவழியாகக் கொழும்புக் கந்தோரின் அடையாளச் சின்னம் ஒன்று திரையில் வந்தது. ஆனால் சத்தம் இல்லை. ஸும்ரா மிஸ் தன் ரிமோட்டை அமத்தினாள். சத்தப்பெட்டி எழும்பியது, சின்னம் மறைந்தது, திரை முழுக்க நீலம்.

"மிஸ், நீங்க என்ட டீவியில கை வெச்சிட்டீங்க."

"நான் சத்தத்தில மட்டுந்தான் கை வெச்சன் நாநா. உங்கட டீவிக்குத்தான் அடக்கமில்ல."

இப்படிப்பட்ட விசயத்தை வாயால் பேசித் தீர்க்க முடியாது. ஜபார் உட்கார்ந்து கடிதம் எழுதினார். "தங்கள் பொறுப்பிலுள்ள தொலை இயக்கி எனது அதிகார எல்லைக்குள் அத்துமீறிப் பிரவேசித்தமை தொடர்பாக" என்று அது தொடங்கியது. ஸும்ரா மிஸ் பக்கத்துக் கதிரையில்தான் இருந்தாள். ஆனாலும் கடிதம் பியோன் கையில் ஏறி, தபால் புத்தகத்தில் பதிந்து, மண்டபத்தை ஒரு சுற்றுச் சுற்றித்தான் அவளிடம் வந்தது. அவள் பதில் எழுதி, பிரதியை முபாரிஸுக்கும் அனுப்பினாள். மணி பத்து ஐம்பது.

முனவ்வரா என் கையைப் பிடித்தாள். "ராத்தா, நேரம் போகுது."

"ஸபூர் செய்யுங்க," என்றேன். பொறுமையைத் தவிர வேறு என்ன சொல்ல?

முபாரிஸ் சமாதானப் பிரியர். அவர் ஒரு யோசனை சொன்னார். சண்டை பிடிக்கிற பிள்ளைகளைப் பிரித்து வைப்பதுபோல் சாமான்களையும் பிரித்து வைப்போம். டீவி மண்டபத்தில் இருக்கட்டும், சத்தப்பெட்டி கலாசார அறைக்குப் போகட்டும். படம் இங்கே தெரியும், சத்தம் அங்கே கேட்கும். அங்கே கேட்டதை ஓடிவந்து இங்கே சொல்ல ஓர் உத்தியோகத்தரை நியமிக்கலாம்.

"ஓடிவாற உத்தியோகத்தர் எந்தப் பகுதிக்குக் கீழ வருவார்?" என்று ஜபார் கேட்டார். அந்த யோசனை அத்துடன் குழுவுக்கு ஒத்திவைக்கப்பட்டது.

மணி பதினொன்று பதினைந்து. முனவ்வராவுக்குப் பொறுக்கவில்லை. எழும்பினாள்.

"சேர், எங்கட மகன் கட்டாரிலிருந்து இதே மாதிரி ஒண்டு அனுப்பினான். ஆறு மாசம் நாங்களும் இப்பிடித்தான் சண்டை புடிச்சோம். இந்த மூண்டும் ஒரே வயர்ல சம்பந்தப்பட்டது. ஒண்டு எழும்பினா மத்ததை எழுப்பும், ஒண்டு படுத்தா மத்ததையும் படுக்கப் போடும். மூண்டு பேர் அமத்தினா அதுகளுக்குப் பைத்தியம் புடிக்கும். ரெண்டு ரிமோட்டை மேசையில வெச்சிட்டு, ஒண்டால மட்டும் அமத்துங்க."

மூன்று கையும் மூன்று ரிமோட்டை இறுக்கிப் பிடித்தன.

"எந்த ஒண்டால?" என்று மூவரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

"சரி, அது வேணாம். பிளக்கெல்லாம் கழட்டிட்டுக் கொஞ்ச நேரம் விடுங்க. பிறகு டீவிட பிளக்கை முதல்ல குத்துங்க. ஒண்டுக்கொண்டு உத்தரவு போடுறத நிப்பாட்ட டீவிக்கு உள்ளுக்க ஒரு இடம் இருக்கு. அதை நிப்பாட்டினா அதது தன்ட வேலையை மட்டும் பாக்கும்."

அதது தன் வேலையை மட்டும் பார்ப்பது அந்தக் கந்தோரில் எல்லோருக்கும் பிடித்த கொள்கை. ஆனால் பிளக்?

"பிளக் மின்சார விடயம். அதுக்குரியவர் லீவு," என்றார் முபாரிஸ். "இண்டைக்கு அது யார்ட பொறுப்பிலயும் இல்ல."

"யார்ட பொறுப்பிலயும் இல்லாததைத் தொட, யார்ட அனுமதியும் தேவையில்லதானே சேர்?"

ஜபார் கண்ணை மூடி யோசித்தார். எட்டு வருசத்துச் சுற்றுநிருபம் அவருக்கு மனப்பாடம். தடை எதுவும் அகப்படவில்லை. முனவ்வரா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு குனிந்து மூன்று பிளக்கையும் பிடுங்கினாள்.

"கொஞ்ச நேரம் எண்டா எவ்வளவு?" என்று ஸும்ரா மிஸ் பேனாவை எடுத்தாள்.

"பதினொரு ஸலவாத்து ஓதுற நேரம்."

எல்லோரும் நபி மேல் ஸலவாத்து ஓதினோம். கிளார்க்கும் மிஸ்ஸும் களஞ்சியமும் பியோனும் ஊராரும் சேர்ந்து, மெதுவான குரலில். அந்தக் கந்தோரில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே வேலையைச் செய்தது அதுதான் முதல் தடவையாம். பியோன் பிறகு சொன்னார். ஸும்ரா மிஸ் கோவையில் "தொழில்நுட்பக் காத்திருப்புக் காலம்: ஸலவாத்து 11" என்று பதிந்தாள்.

பிறகு முனவ்வரா பிளக்குகளைக் குத்திவிட்டுச் சொல்லச் சொல்ல, ஜபார் தன் ரிமோட்டால் டீவிக்குள் அந்த இடத்தைத் தேடிப் பிடித்து நிப்பாட்டினார். பதினொன்று நாற்பத்தெட்டுக்குப் படமும் வந்தது, சத்தமும் வந்தது. டை கட்டிய ஓர் அதிகாரி தெரிந்தார். அவருக்குப் பின்னால் ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே, கீழே, ஓர் ஆட்டோ. அதற்குள் காலை வெளியே நீட்டிக்கொண்டு ஒருவர் தூங்கினார். முனவ்வரா உற்றுப் பார்த்தாள். அது நாங்கள் வந்த ஆட்டோ.

"சேர், நீங்க கொழும்பிலயா இருக்கீங்க?"

"இல்லம்மா, நேற்றே இங்க வந்திட்டன். மேல்மாடியில இருக்கிறன்."

"அப்ப நாங்க மேல வந்து சொல்லவா?"

அதிகாரி பதறிவிட்டார். "வராதீங்க, வராதீங்க! நேரில கேட்க ஏற்பாடு இல்ல. பயணத்தைக் குறைக்கத்தானேம்மா இந்த முறை."

யாரும் சிரிக்கவில்லை. எங்கள் ஆட்கள் திரையின் மூலையில் தெரிந்த தங்கள் முகத்தைப் பார்ப்பதில் இருந்தார்கள். "கொஞ்சம் தள்ளுங்க, நான் பாதிதான் தெரியிறன்," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

முனவ்வரா பேசினாள். "அந்தப் பாதையால போனா கடலுக்கு அறுபது காலடி சேர். இப்ப ஒன்றரை மைல். ஹோட்டலுக்கு வாறவங்க பட்டத்தைத் தூக்கிட்டுப் போறாங்க, அது காத்து. எங்கட ஆக்கள் தூக்குறது எஞ்சின். ஒரு நாளைக்கு நீங்க தூக்கிப் பாருங்க. அதுக்குப் பிறகு என்ன தீர்ப்புச் சொன்னாலும் நான் கேக்கிறன்."

அதிகாரி கடதாசியில் குறித்துக்கொண்டார். நல்ல மனுசர்தான், மேல்மாடியில் இருந்தாலும். பன்னிரண்டுக்கு இரண்டு நிமிசம் இருக்கத் தீர்ப்புச் சொன்னார். வேலியில் ஹோட்டல்காரர் ஒரு கேற் வைக்க வேண்டும். காலத்துக்கு ஏற்ற மாதிரி, தானாகத் திறக்கிற கேற். ஊருக்கு ஒரு ரிமோட் கொடுக்க வேண்டும்.

முனவ்வரா அழுதுவிட்டாள். அல்ஹம்துலில்லாஹ், நானும் அழுதேன். ஆட்டோவில் வரும்போது ஜபாரை நினைத்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

இரண்டு கிழமையில் கேற் வந்தது. ரிமோட்டும் வந்தது. அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு ஊர்க் கூட்டம் வைத்தோம். மீனவர் சங்கத் தலைவர் லாபிர், அது தலைவர் கையில் இருப்பதுதான் மரியாதை என்றார். செயலாளருக்கு அது மரியாதையாகப் படவில்லை.

"எங்கட மாப்பிள்ளைட இடுப்பாலதான் இந்த ரிமோட் கிடைச்சது," என்றாள் முனவ்வரா.

"இடுப்பு எங்களுக்கும் இருக்கு," என்றார்கள் மற்றவர்கள்.

நானும் சும்மா இருக்கவில்லை. எங்கள் வீட்டில் பூட்டுப் போட்ட அலுமாரி இருக்கிறது என்று சொன்னேன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன்.

கடைசியில் ஐந்து பேர் கொண்ட குழு ஒன்று அமைந்தது. ரிமோட் பொலித்தீன் கழற்றாமல் எங்கள் அலுமாரியில் இருக்கிறது. வெளியே எடுக்க மூன்று பேரின் கையொப்பம் வேண்டும். படகு இறக்குகிற நேரத்தில் மூன்று பேரும் ஒன்றாக அகப்படுவதில்லை.

பாறூக் இப்போது எழும்பிவிட்டார். எஞ்சினைத் தோளில் சுமந்துகொண்டு ஒன்றரை மைல் சுற்றித்தான் போகிறார். ஆனால் முன்பு போல மனவருத்தம் இல்லை. கேற்றின் ரிமோட் எங்கள் ஊரில்தானே இருக்கிறது.