கரெஸ்பாண்டன்டை வெளியே நிறுத்திய கதை

ஹைதராபாத்தில் ஒரு வகுப்பிலும் ஒழுங்காக உட்காரத் தெரியாத மாணவர் ஒருவர் உண்டென்றால், அது எங்கள் பள்ளியின் முதலாளிதான்.

எங்கள் பள்ளி திருமுல்கேரியில் இருக்கிறது. ராணுவ அலுவலகம் ஒன்றிலிருந்து ஓய்வு பெற்றபின் அதை நடத்துகிறவர் கரெஸ்பாண்டன்ட். மூன்று தலைமுறையாக இந்த ஊரில் ஊறிய தமிழர். முதுகுக்குப் பின்னால் அவர் பெயர் 'கடைசி பெஞ்ச்'. புதிதாகச் சேரும் டீச்சரின் வகுப்பில் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்துகொள்வார். அவர் மனது வைத்தால்தான் வேலை நிரந்தரமாகும்.

நான் கணவரின் ஐ.டி. வேலையோடு திருச்சியிலிருந்து வந்து, இந்தப் பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்தவள். வேலை நிரந்தரமானால் என் மகளுக்கும் அங்கேயே எல்.கே.ஜி. சீட் கிடைக்கும். அதனால் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டேன். சார் எது சொன்னாலும் 'ஹவ் சார்' என்று இந்த ஊர் 'ஆமாம்' போட்டுவிடும்படி ஸ்டாஃப் ரூமில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

பின்னம் நடத்த போர்டில் தோசை வரைந்தால், கையைத் தூக்கி, சட்னி எங்கே என்பார். ஹவ் சார். வாய்ப்பாடு சொல்லும் பிள்ளைக்குத் தப்பாக எடுத்துக்கொடுப்பார். ஹவ் சார். ஊருக்குப் போயிருந்த பையனுக்காக ஒரு நாள் 'ப்ரெசன்ட் மிஸ்' கூடச் சொன்னார். நான் தலையாட்டத் தலையாட்ட, அவர் முகம் ஏனோ வாடிக்கொண்டே போனது.

அன்று தசமம். புள்ளியை எங்கே வைப்பது என்று பிள்ளைகளுக்கு அப்போதுதான் பிடிபட ஆரம்பித்திருந்தது. பின்னாலிருந்து கலகலவென்று சிரிப்பு. எனக்கு வந்ததே கோபம். போர்டைப் பார்த்தபடியே பழக்கதோஷத்தில் கத்திவிட்டேன்.

"யாரது? எந்திரிச்சு வெளிய போய் நில்லு."

திரும்பினால், முறுக்குப் பொட்டலத்தோடு கரெஸ்பாண்டன்ட் வராந்தாவுக்குப் போய்க்கொண்டிருந்தார். அங்கே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிரின்சிபால் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிப் போனார். சாரை உள்ளே கூப்பிடச் சொல்லி முன் பெஞ்சுப் பெண் தெலுங்கில் கெஞ்சினாள். நான் சாக்பீஸை எடுத்து அடுத்த கணக்கைப் போட ஆரம்பித்தேன். மகளின் சீட்டும் அவரோடு வெளியே போய்விட்டது என்றே நினைத்தேன்.

மணி அடித்ததும் ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டேன்.

"மாஃபியெல்லாம் நக்கோ, வேண்டாம் மிஸ்," என்றார். "எல்லா கிளாஸ்லயும் இதே சேட்டைதான் பண்றேன். ஒருத்தராவது அதட்டணுமே. சரி, வேற ஆள் எங்க கிடைக்கப் போகுதுன்னு அவங்களுக்கும் வேலையைக் குடுத்துடறேன். நீங்கதான் முதல்முதலா என்னைப் பார்க்காம கிளாஸைப் பார்த்தீங்க. நாளைக்குப் பொண்ணைக் கூட்டிட்டு வாங்க, அட்மிஷன் போட்டுடலாம்."

சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நாளைக்கு என்னையும் உள்ள விடுவீங்கதானே?"

விட்டேன். மகள் இப்போது ஆறாம் வகுப்பு. பெரிய பள்ளிகள் சில என்னைக் கூப்பிட்டுப் பார்த்தன. அந்த மனிதரை விட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. நான் போய்விட்டால் அவரை அதட்ட யார் இருக்கிறார்கள்?