காவல்காரனைக் கடி

படம் போட்டு மூன்று நாளாகியும் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை.

சின்னவள் கைபேசியைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். படக்கதை மன்றத்தில் அவள் தொடங்கியிருந்த விளையாட்டு இதுதான்: அவள் ஒரு படம் வரைந்து போடுவாள். கதாநாயகி அடுத்து என்ன செய்யவேண்டும் என்று வாசகர்கள் சொல்வார்கள். எந்தப் பக்கம் ஆள் அதிகமோ, அதை மறுநாள் வரைவாள். முதல் படத்தில், பூட்டிய கோட்டைக்குள் ஒற்றைச் சடை போட்ட பெண் நின்றாள். வாசலில் காவல்காரன். கீழே, "இவள் என்ன செய்யட்டும்?" என்று ஒரு கேள்வி. பதில் சொல்லத்தான் நாதியில்லை.

"யாராவது பார்த்தாங்களாடி?" அடுப்படியிலிருந்து அக்கா கேட்டாள்.

"பார்த்தாங்க. நான் நாலு தடவை பார்த்தேன்."

"எதுக்குடி உனக்கு இந்த வம்பெல்லாம். கெளம்பு, வேலைக்கு நேரமாச்சு."

அக்காவுக்கு வம்பு என்றாலே ஆகாது. மாடிவீட்டுக்காரி, காய்ந்த துணிமேல் வாளித் தண்ணீரைக் கொட்டினால், மறுபடி பிழிந்து போடுவாளே ஒழிய வாயைத் திறக்கமாட்டாள். பிஸ்கட் கம்பெனியில் சூப்பர்வைசர் கத்தினாலும் அப்படித்தான். சின்னவளுக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வரும். அம்மா பெற்ற இரண்டில் கோபம் மொத்தமும் தன் பங்குக்கே வந்துவிட்டது என்று நினைத்திருந்தாள். படிப்பும் அப்படித்தான். குடும்பத்தின் முதல் பட்டதாரி அவள். அவள் படிப்பதற்காக எட்டாம் வகுப்போடு நின்றவள் அக்கா.

கதைக்கு அவளிடம் திட்டம் இருந்தது. நாற்பது படம். பெண் கோட்டை நூலகத்துக்குப் போவாள், படிப்பாள், காவல்காரன் வைக்கும் பரீட்சையில் தேறி, தலைநிமிர்ந்து வெளியே போவாள். வாசகர்கள் தாமாகவே இதைச் சொல்லிவிடுவார்கள் என்று நம்பியதுதான் அவள் செய்த முதல் தப்பு.

நாலாம் நாள், தான் வேலை பார்க்கும் கண்ணாடிக்கடையில் கூட்டமில்லாத நேரம் பார்த்து, கவுண்டருக்குப் பின்னால் குனிந்துகொண்டு, 'நூல்விரும்பி' என்று ஓர் ஐடி திறந்தாள். அந்தப் பெயரில் தன் கேள்விக்குத் தானே பதில் போட்டாள்: "நூலகத்துக்குப் போகட்டும்."

அரைமணி ஆகவில்லை. 'இடிமுழக்கம்' என்று ஓர் ஆள் முளைத்தது. "நூலகம் எதுக்கு? காவல்காரனைக் கடி."

முதல் வாசகர் கிடைத்த சந்தோஷமும், கிடைத்தது இதுவா என்ற வயிற்றெரிச்சலும் சேர்ந்தே வந்தன. 'பண்பாளன்' என்று இன்னோர் ஐடி திறந்தாள். "கடிப்பது நாகரிகமல்ல." பொழுது சாய்வதற்குள் இடிமுழக்கத்துக்குத் துணையாகச் 'சூறாவளி'யும் 'கொள்ளிக்கட்டை'யும் வந்து சேர்ந்தார்கள். "காதைக் கடி. இடது காது."

மூன்றுக்கு இரண்டு. கள்ள ஓட்டுப் போடக் கூசாதவளுக்கு, எண்ணும்போது மட்டும் மனசாட்சி வந்துவிடும். கடிப்பதென்று முடிவானால் கடிக்கத்தான் வேண்டும். ஆனால் காது வரைந்து பழக்கமில்லை. கையில் கிடைத்த தாளிலெல்லாம் வரைந்து பார்த்தாள்.

மறுநாள் முதலாளி கூப்பிட்டார். "ஏம்மா, மூக்குக்கண்ணாடி வாங்க வந்தவருக்கு ரசீது பின்னாடி காது வரைஞ்சு குடுத்திருக்க. அதுவும் பாதிக் காது."

"கண்ணாடி நிக்கறது காதுலதானே, சார்."

"அதுக்கு முழுக் காது வேணும்மா."

மன்றத்தில் அவள் மூன்று ஐடி சேர்த்தால், எதிர்ப்பக்கம் ஐந்து பேராக வந்தார்கள். காவல்காரன் காதை இழந்தான். மந்திரி கிணற்றில் விழுந்தார். படகு திருடு போனது. யானைகளை அவிழ்த்துவிடச் சொன்னார்கள், அவிழ்த்துவிட்டாள். யானை வரைய அவளுக்குச் சுத்தமாக வராது. "சோபாவுக்கு விடுதலை குடுத்தது நல்ல காரியம்" என்று கொள்ளிக்கட்டை பாராட்டியது.

இதற்குள் சின்னவள் பதினொரு பேராகியிருந்தாள். யார் எப்படிப் பேசுவார்கள் என்பதே குழம்பிவிட்டது. ஒருநாள் பண்பாளன், "பல்லைத் தட்டிக் கையில் குடுத்துடுவேன்" என்று எழுதிவிட்டான். சூறாவளி உடனே, "இப்பத்தான் மனுஷனா ஆகியிருக்க" என்று வாழ்த்தியது.

"எல்லாம் வேலைவெட்டி இல்லாத தடிப்பசங்க, அக்கா. நல்லது சொன்னா ஏறாது."

"இருக்கும்டி. ஊர்ல ஒழுங்கா யாரு இருக்கா?" என்றாள் அக்கா. அந்த வாரத்தில் மூன்றாவது முறையாகச் சாப்பாடு அடிப்பிடித்திருந்தது. அடுப்பு சரியில்லையாம். லிஃப்ட் பழுது பார்க்கும் அத்தான், கருகியதைக் கரண்டியால் ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டார்.

கடைசியில் கதை கோட்டைக் கதவுக்கு வந்தது. பரீட்சை எழுதுவதா, கதவைக் கொளுத்துவதா? பரீட்சைக்குப் பதினொன்று. கொளுத்தப் பதினாறு. வசவுகள் மட்டும் நாலு பக்கம். மன்றத்தின் நடத்துநர் எச்சரிக்கை போட்டார்: ஞாயிறு மதியத்துக்குள் சண்டை ஓயாவிட்டால் விளையாட்டை மூடிவிடுவாராம்.

கோட்டைக்குள் நின்ற பெண் வேறு யாருமில்லை, சின்னவளேதான். படித்துத்தானே வெளியே வந்தாள்? வேஷமெல்லாம் விட்டுவிட்டுத் தன் பெயரிலேயே இடிமுழக்கத்திடம் கேட்டாள்: "படிச்சுத் தேறி வெளியே போறது அவ்வளவு கேவலமா?"

பதில் உடனே வந்தது.

"கேவலம் இல்ல. பரீட்சை எழுதினா அவ ஒருத்திதான் வெளியே போவா. கதவைக் கொளுத்தினா, உள்ள இருக்கற எல்லாரும் போகலாம்."

சின்னவள் இதுவரை வரைந்த படங்களையெல்லாம் புரட்டிப் பார்த்தாள். கோட்டைக்குள் வேறு பெண் ஒருத்தியைக்கூட அவள் வரைந்திருக்கவில்லை. இருப்பார்கள் என்றே தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து ஆரஞ்சு பென்சில் தேயத் தேயக் கதவைக் கொளுத்தினாள். புகைக்குள்ளிருந்து ஒற்றைச் சடைகளும் இரட்டைச் சடைகளும் கொண்டைகளுமாக ஒரு கூட்டமே வெளியே வந்தது. படத்தின் கீழே எழுதினாள்: "நூல்விரும்பி, பண்பாளன் முதலான பதினொரு பேரும் நான்தான். மன்னிக்கவும். நீங்கள் சொன்னதுதான் சரி."

அடுப்படியில் ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது.

மன்றத்தில் முதலில் இடிமுழக்கம் ஒரு 'சபாஷ்' போட்டது. அடுத்து சூறாவளி. அடுத்து கொள்ளிக்கட்டை. நிமிஷத்துக்கு ஒருவராக, வரிசையில் நிற்பதுபோல், பதினாறு பேரும் போட்டார்கள். நடத்துநர் எச்சரிக்கையை எடுத்துவிட்டார்.

சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாசலில் திருப்புளியைத் துடைத்துக்கொண்டிருந்த அத்தானிடம் கைபேசியை நீட்டினாள். "பாருங்க அத்தான். இவ்வளவு நாள் மல்லுக்கட்டினேன், ஒருத்தர் மூஞ்சியும் தெரியாது. எந்தப் புண்ணியவதி பெத்த பிள்ளைங்களோ, பதினாறும்."

அத்தான் திருப்புளியைக் கீழே வைத்தார்.

"உங்கம்மா பெத்ததுதாம்மா, பதினாறும். நான் ஒருத்தியைத்தான் கட்டிக்கிட்டேன்னு இத்தனை வருஷமா நெனச்சுக்கிட்டிருந்தேன்."