சக்கரத்துக்குப் பூக்கட்டிப் பாத்த கத

கல்யாணத்துக்குப் பூக்கட்டிப் பாப்பாங்க. நெலம் வாங்கப் பாப்பாங்க. ஆபரேசன் பண்ணிக்கலாமா வாணாமான்னுகூட பாப்பாங்க. காரு சக்கரம் எந்தப் பக்கம் சாயணும்னு முருகனாண்ட போயி பூக்கட்டிப் பாத்தவ இந்தத் திருத்தணியில நான் ஒருத்திதான். பாத்ததோட வுட்டேனா, அதுலயும் திருட்டுத்தனம் பண்ணேன். இப்பச் சொன்னா எனக்கே சிரிப்பு வருது. அன்னிக்கு நாக்கப் புடுங்கிக்கலாம் போல இருந்தது.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல பக்கத்துல ஒருத்தி எழுதிக்கினு இருக்குறா. (அவ யாருன்னு அப்பால சொல்றேன். இப்பவே சொல்லிட்டா கத கெட்டுப்பூடும்.)

எம் பொண்ணு வயித்துப் பேரன் லோகேசு. அவன் ஒரு காரு வாங்கினான். செகண்ட் ஹேண்டுதான், ஆனா ஸ்போர்ட்ஸ் காராம். செக்கச்செவேல்னு, ரெண்டே சீட்டு, தரையோட தரையா கெடக்கும். நான் உக்காரலாம்னு குனிஞ்சா, உக்காந்துகினே போவேன், போவேன், அப்பறந்தான் சீட்டு வரும். எறங்கறதுக்கு ரெண்டு பேரு கைய புடிச்சி இழுக்கணும், கெணத்துல வுழுந்த ஆட்டத் தூக்கறாப்போல. "ரெண்டு பேரு உக்காரதுக்கு எதுக்குடா இவ்ளோ நீட்டு மூக்கு?"ன்னு கேட்டேன். "அதுலதான் ஆயா இஞ்சினு இருக்குது"ன்னான். மனுசன் உக்கார எடத்தவிட இஞ்சினு உக்கார எடம் பெருசு. போவட்டும்.

வண்டி வாங்கின நேரம், அவனுக்கு ஒரு பொண்ணு விசயமும் ஓடிக்கினு இருந்தது. பேரு ஹேமா, ஆந்திரா பார்டர் தாண்டி நகரிக்காரப் பொண்ணு. தெனம் திருத்தணியில ரயிலு ஏறி வேலைக்குப் போவும். அதே ரயிலுல ரெண்டு வருசமா இவனுக்கு எதிர் சீட்டு. எதிர் சீட்டு பக்கத்து சீட்டாயி, ரெண்டு வூட்டுக்கும் தெரிஞ்சிபோச்சி. எங்களுக்கு ஒண்ணும் இல்ல. அந்தப் பொண்ணோட அப்பாதான் முறுக்கிக்கினாரு. அவரு ஆந்திரா பஸ்ஸு ஓட்டி ரிட்டையர் ஆனவரு. அத்தினி வருசத்துல வண்டியில ஒரு கீறல் வுழுந்தது கெடயாதாம். அவரு சொல்லி அனுப்பிச்சாரு:

"ஜாதகம் அப்பறம் பாக்கலாம். ஞாயித்துக்கெழம பையன் அவன் வண்டிய எடுத்துகினு வரட்டும். வூட்டுப் பெரியவங்க ஒருத்தர் கூட வந்தா போதும். நான் பக்கத்துல உக்காந்து ஒரு ரவுண்டு போவேன். ரோட்டுல அவன் நடந்துக்கறதப் பாத்தா எம் பொண்ணாண்ட எப்பிடி நடந்துக்குவான்னு எனக்குத் தெரிஞ்சிடும்."

லோகேசு அன்னியிலிருந்து சோறு துன்னல. வண்டிய நல்லா ரெடி பண்ணணும்னு டயர் நாலும் புதுசா போட்டான். அப்பால கனகம்மாசத்திரத்துல மஸ்தான் பாய் கடைக்கு, சக்கரத்த நேர் பண்ற அலைன்மெண்ட் பாக்க இட்டுகினு போனான். நானும் போனேன். (என்ன யாரும் கூப்புடல. வண்டி கெளம்பினா நான் ஏறிடுவேன், அது எம் பழக்கம்.)

அங்கதான் சண்ட ஆரம்பிச்சது. எனக்குப் புரியறதுக்காவ பாய் என்ன நிக்க வச்சே வெளக்கினாரு. "ஆயா, உங்க ரெண்டு காலு கட்டவெரலும் உள்பக்கமா ஒண்ண ஒண்ணு பாத்துகினா அது டோ இன்னு. வெளிப்பக்கம் மொறச்சிக்கினு நின்னா டோ அவுட்டு. காலை அகட்டி ஊனி, முட்டி மட்டும் உள்ள சாஞ்சா அது கேம்பரு." நான் கடைக்கு நடுவுல வாத்து மாதிரி ஒருக்கா, வெக்கப்பட்ட பொண்ணு மாதிரி ஒருக்கா நின்னு காட்னேன். டயர் மாத்த வந்தவங்க எல்லாம் வேடிக்க பாத்தாங்க.

பாய் சொன்னது என்னன்னா, ரோட்டுல ஓட்ற வண்டிக்கு மேல்பக்கம் லேசா உள்ள சாஞ்சா போதும், முன் சக்கரம் நேரா பாக்கணும், பின் சக்கரம் துளியூண்டு உள்ள பாக்கணும். லோகேசு கேக்கறானா? செல்போன நீட்னான். அதுல எவனோ ரேசு ஓட்றவன் சொல்லிக்கினு இருக்குறான், சக்கரம் நல்லா சாயணும், முன்பக்கம் வெளிய பாக்கணும், அப்பதான் திருப்பின ஒடனே திரும்பும்னு.

"தம்பி, அவன் ஓட்றது ரேசு மைதானம். நீ ஓட்றது திருப்பதி ரோடு. ஜல்லி லாரி போயிப் போயி ரோட்டுல ரெண்டு வாய்க்கா வெட்டியிருக்குது. வண்டி அந்த வாய்க்காவ மோப்பம் புடிச்சிக்கினே போவும். டயரும் உள்பக்கம் தேஞ்சி நூலு தெரியும்."

"பாய், ஸ்போர்ட்ஸ் காரு வாங்கிட்டு ஆட்டோ மாதிரி ஓட்ட சொல்றீங்களா?"

"ஆட்டோ நேரா போவுதே தம்பி."

மூணு நாளு இப்பிடியே. வெள்ளிக்கெழமயும் வந்துடுச்சி. லோகேசு தலையில கைய வச்சிக்கினு, "ஆயா, நீயே ஒண்ணு சொல்லேன்"னான். நான் சும்மா இருந்திருக்கலாம். "நான் யாருடா சொல்றதுக்கு, மலையில இருக்குறாரே அவரு சொல்லட்டும். பூக்கட்டிப் பாக்கலாம். வெள்ளப் பூவு வந்தா பாய் சொன்னது, செவப்புப் பூவு வந்தா நீ சொன்னது"ன்னேன். பையன் மொகம் தெளிஞ்சது. பாயும், "சாமி சொன்னா நான் மறுபேச்சு பேசமாட்டேன்"னுட்டாரு.

இப்ப எந் திருட்டுத்தனத்த சொல்றேன். எங்கூட்டுக்காரரு மாட்டுச் சந்தைக்குப் போனா என்னியும் இட்டுகினு போவாரு. பல்லு பாக்கறது அவரு, காலு பாக்கறது நானு. நாலு காலையும் அகட்டி, தரைய அமுக்கி நிக்கற மாடுதான் ஏரு தாங்கும். ஒட்டி ஒட்டி நிக்கற மாட்ட இனாமா குடுத்தாலும் ஓட்டிக்கினு வரமாட்டேன். சண்டைக்கு நடுவுல லோகேசு சொன்ன மாதிரி ஒருக்கா சக்கரத்த சாச்சிப் பாத்தாங்க, அப்ப வண்டி அப்பிடித்தான் நின்னது, சந்தையில மொத வெல போற காள மாதிரி. பாய் சொன்ன மாதிரி வச்சப்ப கன்னுக்குட்டி மாதிரி நின்னது. இதுல முருகன கேக்க என்ன இருக்குது, எனக்கே தெரியுதேன்னு தோணிச்சி. பேரன் ஆசயும் அதுதான்.

பூக்காரியாண்ட செவ்வரளி மட்டும் வாங்கி, வாழ எலையில ரெண்டு பொட்டலம் கட்டினேன். ரெண்டுலயும் செவப்பு. மலைக்கு ஆட்டோவுல போனேன் (திருட்டுத்தனத்துக்கு யாராவது படி ஏறுவாங்களா). வரிசையில நின்ன ஒரு பொண்ணு கொழந்தய கூப்ட்டு எடுக்கச் சொன்னேன். அது ரொம்ப நேரம் யோசன பண்ணிச்சி, பாவம். எடுத்துது. செவப்பு. "முருகா, நீயும் அதேதான் நெனச்சியா"ன்னு கன்னத்துல போட்டுகினேன். மீதிப் பொட்டலத்த மடியில சொருவிக்கினு எறங்கிட்டேன்.

சனிக்கெழம பாய் ஒரு வார்த்த பேசாம வேலய முடிச்சாரு. சக்கரம் அளக்கற மிஷினு டிவியில நாலு சக்கரமும் படமா வந்தது, பக்கத்துல நெம்பரு எல்லாம் செவப்பு செவப்பா. "பாருடா, முருகனும் செவப்பு, மிஷினும் செவப்பு"ன்னேன். பாய் துணிய எடுத்து கையத் தொடச்சிக்கினாரு. மிஷினு குடுத்த பேப்பர வாங்கி நாலு மூலைக்கும் மஞ்சா தடவி, நடுவுல குங்குமம் வச்சி, வண்டியில கண்ணாடிக்கு முன்னாடி வச்சேன்.

ஞாயித்துக்கெழம நகரிக்கு நானும் லோகேசும் கெளம்பினோம். ஊரு தாண்டினதும் வண்டிக்குப் பேய் புடிச்சிகிச்சி. எடது வாய்க்காவுல எறங்குது, இவன் இழுக்குறான், வலது வாய்க்காவுக்கு ஓடுது. பிரேக்கு அமுக்கினா மூஞ்சத் திருப்பிக்குது. லாரிக்காரன் ஒருத்தன் தலைய வெளிய நீட்டி, வாயால சொல்ல முடியாததச் சொல்லிட்டுப் போனான். மடியில இருந்த தாம்பாளத்துல வெத்தல ஒரு பக்கம், பாக்கு ஒரு பக்கம், வாழப்பழம் எங் காலுக்குக் கீழ. லோகேசு சட்டை முதுகோட ஒட்டிகிச்சி.

"ஆயா, சாமி தப்பா சொல்லிடுச்சா?"

நான் ஜன்னலு பக்கம் திரும்பிக்கினேன். அப்பால குனிஞ்சி காலுக்குக் கீழ கெடந்த வாழப்பழத்தத் தேடினேன்.

பொண்ணோட அப்பா, அந்த பஸ்ஸு டிரைவரு, தெருமுனையிலயே நின்னுகினு இருந்தாரு. நாங்க கோலம் போட்டுகினு வர அழகு மொத்தமும் பாத்துட்டாரு. என்னத் தூக்கி எறக்கிட்டு அவரு ஏறினாரு. பெட்ரோல் பங்க்கு வரைக்கும் போயி திரும்பி வந்தாங்க. நான் அவங்க வூட்ல நாக்காலியில உக்காந்துகினு இருந்தேன். குடுத்த காப்பியில ஆடை கட்டிகிச்சி. "முருகா, இது நல்லபடியா முடிஞ்சா படி ஏறி வந்து மொட்ட போட்டுக்கறேன்"னு வேண்டிக்கினேன்.

டிரைவரு எறங்கினாரு. தெருவுல எல்லாரும் பாக்க லோகேசு மூஞ்சிக்குக் கிட்ட போயி, "ஊது பாபு"ன்னாரு.

"அங்கிள்?"

"ஊது."

மாப்ளயா வரவேண்டியவன் மாமனாரு மூக்குல ஊதினான். மோந்து பாத்தாரு. ஒரு வாசனையும் இல்ல. அதுக்கும் சந்தோசப்படல. "குடியும் இல்ல. அப்ப நரம்புல எதுனா கோளாறா? நேரா போற ரோட்டுல நேரா போவத் தெரியல. எம் பொண்ண குடுக்க முடியாதுப்பா"ன்னாரு. உள்ள அந்தப் பொண்ணு தேம்பற சத்தம் வாசலுக்கு வந்தது. லோகேசு தலையக் குனிஞ்சிக்கினு கார் சாவியப் பாத்துக்கினு நிக்கறான். அவன் என்னக் காட்டியே குடுக்கல. 'சாமி சொல்லித்தான் சக்கரத்த இப்பிடி வச்சோம்'னோ, 'பூக்கட்டிப் பாத்தது எங்க ஆயா'ன்னோ ஒரு வார்த்த வரல. அதுதான் என்னக் கொன்னது.

எந்திரிச்சேன். "தம்பி, பையன் நல்லாத்தான் ஓட்டுவான். சக்கரத்துமேலதான் தப்பு. அந்தத் தப்பு நானு"ன்னேன். எல்லாத்தையும் சொன்னேன். மாட்டுச் சந்தை, பாய், பூவு, எலை. ரெண்டு பொட்டலத்துலயும் செவப்புன்னு சொன்னப்ப லோகேசு தலையத் தூக்கி என்னப் பாத்தான். அந்தப் பார்வைக்கு லாரிக்காரன் திட்டே தேவல.

டிரைவரு குனிஞ்சி, டயரு உள்பக்கத்துல கையத் தடவிப் பாத்தாரு. வண்டிக்குள்ள இருந்த பேப்பர எடுத்தாரு. குங்குமத்த ஊதிட்டுப் படிச்சாரு. தெலுங்குல என்னப் பெரியம்மான்னு கூப்ட்டுக் கேட்டாரு.

"பெத்தம்மா, இதுல எல்லாம் செவப்பா இருக்குதே, ஏன்னு தெரியுமா?"

"முருகனுக்கு உகந்த கலருங்க."

"மிஷினுல செவப்புன்னா தப்புன்னு அர்த்தம். சரியா இருந்தா பச்ச வரும். இந்த மிஷினு வாணாம் வாணாம்னு கத்தியிருக்குது, அதுக்கு நீங்க பொட்டு வச்சிருக்கீங்க." பேப்பர மடிச்சி சட்டப் பாக்கெட்டுல வச்சிக்கினாரு. "முருகன் மயிலுமேல போறவரு. அவராண்ட சக்கரத்தப் பத்திக் கேட்டா அவரு என்ன பண்ணுவாரு?"

சிரிக்கல. "பாய் சொன்ன மாதிரி வச்சிகினு வரட்டும், அப்பறம் பேசலாம்"னு மட்டும் சொன்னாரு. என்ன அந்த வண்டியில ஏத்த வுடாம பஸ்ஸுல ஏத்தி அனுப்பிச்சாரு. கண்டக்டராண்ட, "பெரியம்மாவ பாத்து எறக்கி வுடுப்பா, வண்டி எப்பிடி ஓட்டணும்னு டிரைவராண்ட எதுனா சொல்லுவாங்க, கேக்க வாணாம்னு சொல்லு"ன்னாரு. பஸ்ஸு பாட்டுக்கு நேரா போச்சி. நான் வழியெல்லாம் அழுதுகினே வந்தேன்.

லோகேசு எங்கூட பதினோரு நாளு பேசல. பாய் மட்டும் ஒருக்கா சொன்னாரு, "ஆயா, சாமி பேச்சுன்னு நான் வாய மூடிக்கினேன். கடைசியில அது உங்க பேச்சா?" நாலு சக்கரமும் பச்சைக்கு வந்தது. வண்டி கன்னுக்குட்டி மாதிரி நின்னது, கோடு கிழிச்சாப்போல போச்சி. அடுத்த வாரம் டிரைவரு ஏறி உக்காந்து புத்தூரு வரைக்கும் போயி வந்தாரு. எறங்கி, "காப்பி போடும்மா"ன்னாராம் பொண்ணாண்ட. அவ்ளோதான் சம்மதம்.

அந்தப் பொண்ணுதான் இப்ப இத எழுதிக்கினு இருக்குறா. (சிரிக்காத ஹேமா, எழுது.)

வேண்டுதல தள்ளிப்போட பயமா இருந்தது, ஏற்கெனவே ஒரு கணக்கு அவராண்ட பாக்கி. கல்யாணத்துக்கு மூணு நாளு முன்ன படி ஏறிப் போயி மொட்ட போட்டுகினேன். கல்யாண ஆல்பத்துல எந்தப் பக்கத்தத் திருப்பினாலும் பட்டுப்பொடவ கட்டிக்கினு, சந்தனம் தடவின மொட்டையோட நான் நிப்பேன். யாரு ஆல்பம் பாக்க வந்தாலும், "ஆயாவுக்கு என்ன, டைஃபாய்டா?"ன்னு கேப்பாங்க. லோகேசு, "இல்லீங்க, அலைன்மெண்டு"ம்பான்.

போன மாசம் ஹேமா கொழந்தைக்குப் பேரு வக்கிறதுல ரெண்டு வூட்டுக்கும் இழுபறி. நாங்க ஒரு பேரு, அவங்க ஒரு பேரு. பூக்கட்டிப் பாக்கலாம்னு நான்தான் சொன்னேன். புத்தி வந்து, நெஜமாவே ஒண்ணுல வெள்ள, ஒண்ணுல செவப்பு வச்சிக் கட்டினேன். சன்னிதியாண்ட எல்லாரும் நிக்கறப்ப டிரைவரு சம்மந்தி கைய நீட்டி, "இருங்க பெத்தம்மா"ன்னு ரெண்டு பொட்டலத்தையும் வாங்கி அவரே பிரிச்சாரு.

ஒண்ணுல வெள்ள, ஒண்ணுல செவப்பு.

ரெண்டையும் மாத்தி மாத்திப் பாத்தாரு. அப்பறம் எங் கைய புடிச்சி நாடி பாத்துகினே, "லோகேசு, ஆயாவுக்கு உடம்புக்கு எதுனா முடியலயா?"ன்னு கேட்டாரு.